கடைசிக் கோட்டுக்கு மேலே

எங்கள் குடும்பத்தில் ஒருவருக்கு ஆஸ்துமா இருந்தது, ஒருவருக்குச் சர்க்கரை இருந்தது, மாமாவுக்குச் சங்கீதம் இருந்தது. வீட்டில் அப்படித்தான் பேசுவார்கள். மாமா என்றால் அப்பாவின் அக்காவைக் கட்டியவர். சைகோனில் பிரெஞ்சு சர்க்காரின் கணக்கு அலுவலகத்தில் வெகுகாலம் வேலை பார்த்துவிட்டு, பென்ஷனோடும் ஒரு பியானோவோடும் கப்பலில் திரும்பி வந்தவர். நான் பிறப்பதற்கு முன்பே வந்துவிட்டார். வந்த நாளிலிருந்து அந்தப் பியானோவின் முன்னால் உட்கார்ந்து மேல்நாட்டுச் சங்கீதம் எழுதிக்கொண்டிருந்தார்.

அவர் எழுதிய ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம் உண்டு. அந்தக் காரணங்கள் எங்களுக்கெல்லாம் மனப்பாடம். பஞ்சாலையில் சங்கு ஊதுவதைக் கேட்டு ஒன்று எழுதினார். அதே ஆலையில் வேலை பார்த்த அப்பாவுக்கு அதை வாசித்துக் காட்டியபோது, "சங்கு இவ்ளோ மரியாதையா கூப்புடாது மாமா" என்று அப்பா சொன்னார். தேங்காய்த்திட்டு மீன்துறையில் மீன் ஏலம் விடுவதைக் கேட்டு இன்னொன்று. அன்றைக்கு மீன் வாங்கப் போனவர் மீனை மறந்துவிட்டு மெட்டோடு வீடு வந்து சேர்ந்தார். அத்தை ரசம் வைத்து, "இன்னிக்கு ஏலத்துல இதான் கெடச்சுது" என்று பரிமாறினாளாம். மழைக்கு ஒன்று, மாதா கோயில் மணிக்கு ஒன்று, பக்கத்து வீட்டில் விடாமல் இருமிய கிழவருக்குக்கூட ஒன்று இருந்தது. அந்தக் கிழவர் அதைக் கேட்டுவிட்டு மூன்று மாதம் மாமாவோடு பேசவில்லை.

சில ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் மாமாவைப் போலவே பிரெஞ்சு பென்ஷன் வாங்கும் நண்பர்கள் சங்கீதம் கேட்க வருவார்கள். வாசிப்பதற்கு முன் மாமா எழுந்து நின்று, இது எதைக் கேட்டு, எதைப் பார்த்துத் தனக்கு வந்தது என்று பிரெஞ்சில் சொல்வார். எங்களைப் போன்றவர்களுக்காக அத்தை அதைத் தமிழில் சொல்வாள். அவள் பிரெஞ்சு காதால் கேட்டுக் கற்றது. விட்டுப்போனதைச் சொந்தச் சரக்கால் நிரப்பிக்கொள்வாள்.

ஒன்றே ஒன்றுக்கு மட்டும் மாமா காரணம் சொன்னதில்லை. அதை விருந்தாளிகளுக்கு வாசித்ததும் இல்லை. அது பாதியில் நின்றுபோன சங்கீதம். அதற்குத்தான் நான் தேவைப்பட்டேன்.

எனக்கு அப்போது ஏழு வயது நடந்துகொண்டிருந்தது. அப்பாவிடம் கேட்டவள் அத்தைதான். "மாமாவுக்கு அந்தப் பாட்டு நின்னு போச்சு. புள்ளைய மாசம் ஒருவாட்டி கொண்டாந்து உடு" என்றாள். பாட்டு நின்றதற்கும் பிள்ளையைக் கொண்டுவந்து விடுவதற்கும் என்ன சம்பந்தம் என்று அப்பா கேட்டுக்கொள்ளவில்லை. அக்கா சொன்னால் அவருக்கு அது போதும். மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் பூசை முடிந்ததும் நெல்லித்தோப்பிலிருந்து என்னைச் சைக்கிளில் ஏற்றி, வாய்க்காலைத் தாண்டிக் கொண்டுபோய் அத்தை வீட்டில் விட்டுவிடுவார்.

கடல் காற்று பட்டால் பியானோ கெட்டுவிடும் என்று அந்த அறையின் சன்னல்கள் எப்போதும் சாத்தியே இருக்கும். பட்டப்பகலில் விளக்கு எரியும். அந்துருண்டை வாசனை மூக்கில் ஏறும். அத்தை என் பின்னலை அவிழ்த்துத் தலையைப் படிய வாரி, செருப்பைக் கழற்றச் சொல்லி, பியானோவின் பக்கவாட்டுப் பலகையில் முதுகு ஒட்டும்படி என்னை நிறுத்துவாள். பென்சிலைச் சீவி மாமாவின் கையில் கொடுத்துவிட்டு வாசற்படியில் போய் நின்றுகொள்வாள். உள்ளே வரமாட்டாள். மாமா என் தலைமேல் மர அடிக்கோலை வைத்துப் பலகையில் மெல்லிசாக ஒரு கோடு இழுப்பார். என்னிடம் ஒரு வார்த்தை பேசமாட்டார்.

அந்தப் பலகையில் ஏற்கெனவே கோடுகள் இருந்தன. அவை கத்தி முனையால் கீறியவை, பழையவை. முதல் கோடு என் இடுப்புக்குக் கீழே இருந்தது. அதிலிருந்து ஒன்றன்மேல் ஒன்றாக ஏறி, என் தலைக்குச் சில விரற்கடை மேலே கடைசிக் கோடு. அதற்குமேல் வெறும் மரம்தான்.

கோடு போட்டதும் மாமா உட்கார்ந்து, கையை நீட்டி ஆகக் கீழே இருக்கும் கீறலைத் தடவுவார். பிறகு ஒரு சின்ன மெட்டை வாசிப்பார். தாலாட்டு மாதிரி இருக்கும், ஆனால் நம் ஊர்த் தாலாட்டு இல்லை. அடுத்த கீறலைத் தடவுவார். மறுபடியும் அதே மெட்டு, ஆனால் இப்போது கொஞ்சம் பெரிதாகியிருக்கும். வளரும் பிள்ளையின் பாவாடையில் மடிப்பை அவிழ்த்து நீளமாக்குவார்களே, அப்படி. ஒரே மெட்டை இப்படி மாற்றி மாற்றி எழுதும் முறை அந்தச் சங்கீதத்தில் உண்டு என்று பின்னாளில் தெரிந்துகொண்டேன். அப்போது எனக்குத் தெரிந்ததெல்லாம், முதுகுப் பலகை வழியாக அது என் எலும்புக்குள் இறங்கியதுதான். பல்லெல்லாம் கூசும். எனக்குள்ளிருந்து வேறு யாரோ பாடுகிறாற்போல் இருக்கும். கடைசிக் கீறலுக்கு வந்ததும் மெட்டு பாதியில் அறுந்து நிற்கும். மாமாவின் கைகள் அப்படியே காற்றில் நிற்கும். பியானோவுக்குள் மட்டும் ஒரு ரீங்காரம் அடங்காமல் சுற்றும். மாமா என்னைப் பார்ப்பார், மீதியை நான்தான் பாட வேண்டும் என்பதுபோல. வாசற்படியில் அத்தை சிலுவை போட்டுக்கொள்வாள்.

"இந்தக் கோடெல்லாம் யாருது அத்தை?" என்று ஒருமுறை கேட்டேன்.

"அது ஒரு பாப்பாவுது."

"அந்தப் பாப்பா எங்க?"

"சாப்புட வா" என்றாள் அத்தை.

விஷயத்தை விளக்கியவன் என் அண்ணன். அவனுக்குப் பதினொரு வயது, தெரியாதது ஒன்றும் கிடையாது. கோயில் தெருவில் சவப்பெட்டி செய்யும் ஆசாரி இப்படித்தான் அளவெடுப்பார் என்றான். முதல் பாப்பா அந்தக் கடைசிக் கோட்டை எட்டியதும் செத்துவிட்டது, அதனால்தான் மேலே கோடு இல்லை, பாட்டும் இல்லை. "இப்ப உன் முறை. கோட்டத் தாண்டுனா அவ்ளோதான்" என்றான். எனக்கு அதில் ஒரு சந்தேகமும் வரவில்லை. அறையில் பார்த்தது எல்லாமே அதோடு பொருந்திப்போயிற்று. என் பென்சில் கோடுகள் மாதாமாதம் அந்தக் கீறலை நோக்கித்தான் ஏறிக்கொண்டிருந்தன. இன்னும் ஒரு விரற்கடைதான் பாக்கி.

வளராமல் இருக்க ஒரே வழி சாப்பிடாமல் இருப்பது. இட்லியைக் கோழிக்குப் போட்டேன், மீனைப் பூனைக்குப் போட்டேன். அந்த இரண்டும் நன்றாக வளர்ந்தன. இரவில் கால் நீண்டுவிடக் கூடாது என்று சுருண்டு படுத்தேன். பூச்சி இருக்கிறது என்று அம்மா விளக்கெண்ணெய் கொடுத்தாள். அதற்கும் அசையவில்லை என்றதும் சாமியாரிடம் அழைத்துப்போய் மந்திரித்துவந்தாள். எப்போதும் பசி. பள்ளிக்கூடத்தில் சிலேட்டைக்கூட நக்கிப் பார்த்தேன். சாவதைவிடப் பசி மேல் என்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன்.

முடிவில் காய்ச்சலில் விழுந்தேன். அந்த மாதம் அத்தை வீட்டுக்குப் போகவில்லை. காய்ச்சலில் படுத்து எழுந்த பிள்ளைகள் திடீரென்று உயர்ந்துவிடுவார்கள் என்பது ஊரில் எல்லோருக்கும் தெரியும், எனக்கு மட்டும் தெரியாது. எழுந்து நின்றபோது என் கவுன் முழங்காலுக்கு மேலே ஏறியிருந்தது. அதைப் பார்த்து அம்மா மகிழ்ந்தாள், நான் ஓவென்று அழுதேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை சைக்கிளில் ஏறமாட்டேன் என்று வாசல் தூணைக் கட்டிக்கொண்டேன். "உன் மாமா இன்னா புலியா, கரடியா? போயி நின்னுட்டு வா" என்று அம்மா என் கைகளைப் பிரித்தெடுத்தாள்.

அன்றும் அத்தை தலை வாரினாள், பென்சில் சீவினாள், வாசற்படிக்குப் போனாள். மாமா அடிக்கோலை என் தலைமேல் வைத்தார். கோடு போடும் சத்தம் வரவில்லை. வெகுநேரம் வரவில்லை. அடிக்கோல் மட்டும் என் உச்சந்தலையில் தட்டிக்கொண்டிருந்தது. தாண்டிவிட்டேன் என்று புரிந்துவிட்டது. கண்ணை மூடிக்கொண்டு, தெரிந்த செபத்தையெல்லாம் கலந்துகட்டிச் சொல்ல ஆரம்பித்தேன்.

மாமா வாசித்தார். ஆகக் கீழேயிருந்து, கீறல் கீறலாக, என் முதுகெலும்பு வழியாக அது ஏறி வந்தது. வழக்கமாக அறுந்துபோகும் இடம் வந்தது. மூச்சை அடக்கிக்கொண்டேன். அது அறுந்துபோகவில்லை. தடுமாறியது, தவறான கட்டையில் விழுந்தது, திரும்பிப்போய் மறுபடியும் வந்தது, பிறகு நான் கேட்டே இராத ஓர் இடத்துக்குள் நுழைந்து நடக்கத் தொடங்கியது. இதுதான் செத்துப்போவது என்று நினைத்தேன். நாம் நின்றுவிடுவோம், பாட்டு மட்டும் போகும் என்று தோன்றியது. அவ்வளவு ஒன்றும் வலிக்கவில்லை.

கண்ணைத் திறந்தபோது மாமாவின் முகமெல்லாம் நனைந்திருந்தது. "பாரு, எவ்ளோ வளந்துட்டா" என்று வாசற்படியைப் பார்த்துச் சொன்னார். நான் அவர் தமிழ் பேசிக் கேட்டதே அபூர்வம். அத்தை சுவரோடு சரிந்து தரையில் உட்கார்ந்திருந்தாள்.

அன்று மத்தியானம் நான் சாப்பிட்ட சோற்றை அப்பா ரொம்ப நாள் சொல்லிச் சிரித்தார். நான் சாகவில்லை, அதனால் எனக்கு அந்த வீட்டின்மேல் பயமும் போய்விட்டது. அடுத்த வருடத்துக்குள் பியானோவின் உயரத்தையே தாண்டினேன். கோடு போட இடமில்லாமல் மாமா பென்சிலைக் கீழே வைத்தார். சங்கீதமும் முடிந்திருந்தது.

அந்த வருடங்களில் அறையில் நின்றது என்ன என்பதை, மாமா இறந்து, எனக்கும் கல்யாணமான பிறகு அம்மா சொன்னாள். கல்யாணம் முடிந்த கையோடு அத்தையை இங்கே தன் தாயோடு விட்டுவிட்டுச் சைகோன் போன மாமா, அங்கே ஒரு பெண்ணோடு குடும்பம் நடத்தினார். ஒரு மகள் பிறந்தாள். தாய் காய்ச்சலில் போய்விட்டாள். ஊர் திரும்பும் காலம் வந்தபோது, பிள்ளையைக் கூட்டிவரலாமா என்று ஊருக்கு வந்த ஒருவரிடம் மாமா கேட்டனுப்பினார். மாமியாரோடு அத்தனை வருடம் தனியாகக் காத்துக்கிடந்த அத்தை, அதே ஆளிடம் பதில் சொல்லி அனுப்பினாள். "அவர் வரட்டும், அவர் சாமான் எதுனா வரட்டும், அது மட்டும் வரக் கூடாது." பியானோவுக்குக் கப்பலில் இடம் கிடைத்தது. பிள்ளையைக் கன்னியர் மடத்தில் விட்டுவிட்டு வந்தார். அப்புறம் அங்கே சண்டை முற்றியது. ஓடிவந்தவர்களில் யாருக்கும் அவளைப் பற்றித் தெரியவில்லை. அத்தைக்கும் பிள்ளை பிறக்கவில்லை. கடைசிக் கீறலுக்கு மேலே அவள் எப்படி இருப்பாள் என்று மாமாவால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை.

ஆனால் அந்தச் சங்கீதத்தை முதன்முதலாக விருந்தாளிகளுக்கு வாசித்த மாலையில் இது எதுவும் எனக்குத் தெரியாது. வழக்கம்போல மாமா காரணம் சொல்ல எழுந்து நின்றார். வாயைத் திறந்தார், சொல் வரவில்லை, உட்கார்ந்துவிட்டார். எல்லோரும் காத்திருந்தார்கள். அப்போது அத்தை எழுந்து, மாமா சொல்லாததைத் தமிழில் எடுத்துச் சொன்னாள்: "இது எங்க தம்பி மக வளர்றதப் பாத்து அவர் எழுதுனது." எல்லோரும் என்னைப் பார்த்துக் கை தட்டினார்கள். என் அண்ணன் முகம் போன போக்கைப் பார்த்து எனக்குத் தலைகால் புரியவில்லை.

புறப்படும்போது அத்தை வாசலில் என் பின்னலைச் சரிசெய்வதுபோல் குனிந்தாள். அவள் கை சில்லென்றிருந்தது.

"அங்க சாஞ்சு நின்னியே, அப்பல்லாம் அந்தப் புள்ள உங்கிட்ட ஏதாச்சும் சொல்லுச்சா?" என்று காதோடு கேட்டாள்.

"எந்தப் புள்ள அத்தை?"

"சும்மா சொல்லு. ஏதாச்சும் சொல்லுச்சா?"

அத்தை விளையாடுகிறாள் என்று நினைத்தேன். நானும் விளையாட்டாக யோசித்தேன். அந்தப் பலகையில் சாய்ந்து நின்ற நாட்களில் எனக்கு இருந்தது ஒன்றுதான். "பசிக்குதுன்னு சொல்லுச்சு" என்றேன்.

அத்தை கையை எடுத்துக்கொண்டாள். உள்ளே போனவள் வழியனுப்பத் திரும்பி வரவில்லை. அதற்கப்புறம் அந்த வீட்டுக்கு எப்போது போனாலும் சாப்பாட்டு மேசையில் ஒரு தட்டு கூடுதலாக இருக்கும். அதில் சோறும் வைத்திருப்பாள். வரவேண்டிய விருந்தாளி யாரோ தாமதம் செய்கிறார்கள் என்றுதான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.