மாமியும் பின் அச்சும்

துறைமுகப் பக்கம் பதினாறு வருடம் லொறி திருத்திய எனக்கு ஒரு நாள் புத்தி கெட்டது. புவாண்ட்-கிளேர் என்ற புறநகரில் ஒரு களஞ்சியத்தின் பின்பக்கத்தை வாடகைக்கு எடுத்து, இனிப் பழைய மோட்டார்ஹோம் மட்டுமே திருத்துவேன் என்று அறிவித்தேன். கட்டில், அடுப்பு, கக்கூஸ் எல்லாம் உள்ளேயே இருக்கும் வண்டிகள்; பலதுக்கு என் வயது. "குசினி வைச்ச பஸ்ஸைத் திருத்த ஆர் தம்பி வருவினம்?" என்று மாமி, அதாவது மனைவியின் தாய், கேட்டார். முதல் மூன்று மாதமும் மாமிதான் சரி. ஒரு திறக்காத யன்னல், ஒரு எலிக்கூடு. வந்த வேலை அவ்வளவுதான்.

நாலாம் மாதம் பிரெஞ்சு பேசும் ஒரு கியூபெக் அம்மா வந்தார். முப்பது வருடம் நகர பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். தன் மோட்டார்ஹோமில் பயணத்துக்கு நிறையச் சாமான் ஏற்றினால் வண்டியின் பின்பக்கம் வால் மாதிரி ஆடுகிறது என்றார். அவருடைய கணவர் சாகும்வரை சொன்னது ஒன்றே ஒன்று: வண்டியில் பிழை இல்லை, உனக்குத்தான் ஓட்டத் தெரியாது. கணவர் ஓட்டினால் ஆடாதா என்று கேட்டேன். அவரிடம் லைசென்ஸ் இருக்கவில்லை என்றார்.

ஏற்கெனவே இரண்டு மெக்கானிக்குகள் வண்டியை வெறுமையாக ஓட்டிப் பார்த்துவிட்டு, ஒன்றுமில்லை மடாம் என்று சிரித்து அனுப்பியிருந்தார்கள். "வண்டியா, நானா? அதை மட்டும் கண்டுபிடித்துச் சொல். நான்தான் என்றால் விற்றுவிடுகிறேன்" என்றார். அடுத்த சனிக்கிழமை அவர் காஸ்பேயில் இருக்கும் கணவரின் குடும்பத்திடம் போக வேண்டும்; அங்கே கணவரின் தம்பிமாரும் அதே கதைதான் சொல்வார்களாம். பனியிலும் பஸ் நிறையச் சனத்தை ஏற்றி இறக்கிய மனுசி, தன் கையையே சந்தேகப்பட்டுக்கொண்டு நின்றார். செத்தவர் என்றும் பாராமல் அந்த ஆள்மேல் எனக்குக் கோபம் வந்தது.

நானும் வெறுமையாக ஓட்டினேன். நூல் பிடித்த மாதிரிப் போனது. சுமை ஏற்றித்தான் பார்க்க வேண்டும். மணல் மூட்டை என்றால் நான் தூக்கி ஏற்ற வேண்டும். சொந்தக்காரர் என்றால் தாங்களே ஏறுவார்கள்.

"பாரத்துக்கு வாங்கோ எண்டே என்ரை அம்மாவைக் கூப்பிடப் போறியள்?" என்றாள் மனைவி.

ஆகவே, சும்மா ஒரு ட்ரிப் என்று வீடு வீடாகப் போய் முறைப்படி அழைத்தேன். மாமியைக் கூப்பிட்டால் என் அக்காவையும் கூப்பிட வேண்டும். அக்கா வந்தால் மாமி வரமாட்டார். இரண்டு வருடமாக இருவருக்கும் பேச்சு இல்லை. என் மகள் பெரியபிள்ளையான சாமத்தியவீட்டு அல்பத்தில், பெரிய படத்தில், மாமியின் முகத்தை ஆலாத்தித் தட்டோடு உயர்ந்த அக்காவின் கை மறைத்துவிட்டது. அது வேண்டுமென்றே மறைத்த கை என்பது மாமியின் வழக்கு. ஒருவர் வருவதை மற்றவரிடம் சொல்லாமல் விட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை, துறைமுகத்துக்குக் கிட்ட, எனக்குத் தெரிந்த காவலாளி ஒருவர் வெறுமையாகக் கிடந்த நீண்ட கொள்கலன் முற்றத்தைத் திறந்துவிட்டார். ஒன்பது பேர் வந்தார்கள். பெண்கள் பட்டுச்சேலையில். ஒரு சட்டி புட்டு, ஒரு சட்டி மீன்குழம்பு, இரண்டு பிளாஸ்க் தேத்தண்ணி. அக்காவைக் கண்டதும் மாமியின் முகம் கடுத்தது. ஆனால் பட்டுச்சேலை உடுத்தியாயிற்று, திரும்பிப் போக மனம் வரவில்லை. பின்பக்க வாங்கு இருக்கையின் மெத்தைதான் நல்லது என்று எல்லோரும் பின்னாலேயே நெருக்கியடித்து இருந்தார்கள்.

தண்ணீர்த் தாங்கியையும் நிரப்பிக்கொண்டு ஓட்டினேன். ஐம்பதைத் தாண்டியதும் வால் ஆடத் தொடங்கியது. பின்னால் முருகனைக் கூப்பிடும் சத்தம். எனக்கோ சந்தோஷம் தாங்கவில்லை, "ஆடுது, ஆடுது" என்று கத்தினேன். சாரதி செய்யக்கூடிய காரியமில்லை அது என்று மனைவி பிறகு சொன்னாள்.

இரண்டாவது ஓட்டத்தில் அல்பம் தொடங்கியது.

"ஏன் பிள்ளை, அந்த நேரம் பாத்தே கையைத் தூக்கினனீர்?" என்றார் மாமி.

"ஆலாத்தி எடுக்கேக்கை கையைத் தூக்காமல் காலையே மாமி தூக்கிறது?" என்றாள் அக்கா.

மாமி எழும்பி முன்னுக்கு வந்து என் முதுகுக்குப் பின்னால் இருந்த கதிரையில் அமர்ந்தார். அவருடைய கட்சிக்காரர் மூன்று பேரும் கூடவே வந்தார்கள். வேகமுள் அறுபதில் நின்றது. வண்டி ஆடவில்லை.

"மாமி, ஒருக்காப் பின்னுக்குப் போய் இருங்கோ."

"மாட்டன்."

கெஞ்சினேன். கட்சியோடு போனார், ஆடியது. திரும்பி வரச் சொன்னேன். வந்தார், நின்றது. மூன்றாம் தரம் கேட்டபோது மாமிக்கு எல்லாம் விளங்கிவிட்டது.

"தம்பி, என்னைப் பாரத்துக்கே கூட்டிக்கொண்டு வந்தனீங்கள்?"

மனைவி யன்னலால் கொள்கலன்களை எண்ணத் தொடங்கினாள். "என்னையும் சேர்த்துத்தான் மாமி" என்றாள் அக்கா பின்னாலிருந்து. இரண்டு வருடத்துக்குப் பிறகு அவர்கள் இருவரும் ஒரு விஷயத்தில் ஒத்துப்போனார்கள்: நான் மானம் ரோசம் இல்லாதவன். மிச்சப் புட்டை இருவரும் பக்கத்தில் பக்கத்தில் இருந்து சாப்பிட்டுக்கொண்டே என்னைத் திட்டினார்கள்.

நான் வண்டிக்கு அடியில் படுத்துப் பார்த்தேன். பின்சில்லுகளைத் தாங்கும் பின் அச்சுக்கும் அப்பால், வால் நுனியில், அந்தப் பெரிய தண்ணீர்த் தாங்கி. வண்டியின் அதே நிறம் பூசியிருந்ததால் தொழிற்சாலை வைத்தது என்றே நினைத்திருந்தேன். கிட்டப் பார்த்தால் போல்ட்டுகள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு அளவு. வீட்டில் யாரோ பூட்டியது. அது நிறைந்து, பின்னால் சாமானும் ஏறினால் வால் கனத்து முன்சில்லுகள் தெருவைச் சரியாகப் பிடிக்காது. தாங்கியைக் கழற்றி இரண்டு அச்சுக்கும் நடுவே பூட்ட நாலு நாள் எடுத்தது.

வெள்ளிக்கிழமை அந்த அம்மா தாங்கியை நிரப்பி, பயணச் சாமான் முழுவதையும் ஏற்றி, தானே ஓட்டினார். நான் பக்கத்தில் இருந்தேன். கர்க்லாண்டைத் தாண்டி நெடுஞ்சாலையில் நேராகப் போனது. ஸ்டியரிங்கை இறுக்கியிருந்த விரல்கள் ஒவ்வொன்றாகத் தளர்ந்தன. என்ன பிழை இருந்தது என்று கேட்டார். தாங்கியைப் பற்றிச் சொன்னேன்.

"அதை என் கணவர்தான் பூட்டினார். என் பிறந்தநாளுக்கு."

வண்டியை ஓரமாக நிறுத்தி, நெற்றியை ஸ்டியரிங்கில் வைத்துச் சிரித்தார். நடுவில் கொஞ்சம் அழுதார். எனக்கும் கண் கலங்கியது, அதை ஏன் மறைக்க வேண்டும்.

கராஜுக்குத் திரும்பியதும் எல்லாவற்றையும் எழுத்தில் கேட்டார். என் பிரெஞ்சு போதாததால் அவரே சொல்லுச் சொல்லாகச் சொல்லித்தந்தார்: பிழை வண்டியில், ஓட்டியவரில் இல்லை. கையெழுத்து வைத்து முத்திரையும் குத்தினேன்.

"நாலு பிரதி வேண்டும்," என்றார். "அவருடைய தம்பிமார் நாலு பேரும் இன்னும் உயிரோடு இருக்கிறார்கள்."