மாணிக்கவேலின் டிவி கேம் கேசட்

விருத்தாசலம் பீங்கான் பேட்டையில் கலியபெருமாளின் பொம்மை யூனிட்டில் மாணிக்கவேல் வார்ப்பு வேலை பார்த்தான். கூழாகக் கரைத்த களிமண்ணைப் பிளாஸ்டர் மோல்டுக்குள் ஊற்றி, ஓரம் பிடித்ததும் மிச்சத்தைக் கவிழ்த்து, பிள்ளையாரையும் அன்னப்பறவையையும் நோகாமல் பிரித்தெடுக்கிற வேலை. அதில் அவனைக் குறை சொன்னவர் கிடையாது. ஊர் சிரித்ததெல்லாம் அவனுடைய இன்னொரு வேலையைப் பார்த்துத்தான்.

தொண்ணூற்றாறில் மங்கலம்பேட்டைக்குப் போனவன், துபாயிலிருந்து திரும்பியவர் ஒருவரின் கடையில் கீபோர்டு வைத்த டிவி கேம் பெட்டியைப் பார்த்து வாங்கி வந்துவிட்டான். மற்றவர்கள் ஜெயிப்பதற்கு ஆடுவார்கள். இவன் கேமில் ஓடுகிற ஆளைப் பனிக்குகைக்குள் கொண்டுபோய் நிறுத்திவிட்டு, அங்கே ஓடுகிற பாட்டைக் கேட்டுக்கொண்டிருப்பான்.

"காச குடுத்து ஆட்டத்த வாங்கியாந்துட்டு, ஆடாம அந்த ஆள நிக்க வச்சி கொல்றியே," என்பாள் மனைவி சுபாஷினி.

அந்தப் பெட்டியிலேயே எழுத்துகளைத் தட்டினால் சுரமாக ஒலிக்கும் வசதி ஒன்று இருந்தது. ஒரே நேரத்தில் மூன்று குரல்கள், அதற்கு மேல் வராது. கேமில் கேட்டதைக் காதில் வாங்கி, அந்த மூன்று குரலுக்குள் தன் இஷ்டப்படி மாற்றி அடைப்பதுதான் மாணிக்கவேலின் பைத்தியம். கரண்டு போனால் தட்டியதெல்லாம் போய்விடும். அதனால் யூனிட்டில் தேய்ந்துபோய் எறிந்த மோல்டுகளைத் தூக்கி வந்து, அவற்றின் முதுகில் பென்சிலால் எழுதி வைத்தான். பிளாஸ்டரில் பென்சில் நன்றாகப் பிடிக்கும். கட்டிலுக்கு அடியில் தேய்ந்த பிள்ளையார் மோல்டுகளாகச் சேர்ந்தன.

பனிக்குகைப் பாட்டு மட்டும் அவனுக்கு வசப்படவில்லை. ராகம் வந்துவிட்டது, நடை வரவில்லை. சாப்பாட்டு நேரத்தில் சூளைப் பக்கம் போய், சூளை அடுக்குகிற கோவிந்தசாமியிடம் முணுமுணுத்துக் காட்டினான். கோவிந்தசாமி காலனிக்காரன், திருவிழாவில் பறை அடிக்கிற கூட்டத்துக்கு மூத்த ஆள்.

"டேய் மாணிக்கம், இது என்னாடா, பேதி புடிச்சவன் ஓடுற மாதிரி ஓடுது," என்று சிரித்துவிட்டு, கவிழ்த்து வைத்திருந்த டப்பாவில் அடித்துக் காட்டினான். சாமி தெருவில் இறங்கும்போது அடிக்கிற அடி அது. மாணிக்கவேல் அதை ஐந்தாறு முறை அடிக்கச் சொல்லிக் கேட்டு, வீட்டுக்குப் போய், மூன்றாவது குரலைக் கட்டையாக வெட்டி வெட்டி அப்படியே இறக்கினான். பாட்டு எழுந்து நின்றது. டேப் ரெக்கார்டரை டிவி பக்கத்தில் வைத்துக் கேசட்டில் ஒரு பக்கம் நிறையத் திரும்பத் திரும்பப் பதிந்தான். கேமில் ஆள் செத்தால் வருகிற சறுக்கலான சின்ன இசையை விளையாட்டாகக் கடைசியில் சேர்த்துவைத்தான்.

யூனிட்டுக்குள் கோவிந்தசாமிக்கு அவன் 'டேய் மாணிக்கம்'. வேலை முடிந்து கேட்டைத் தாண்டி ஊர்த்தெருப் பக்கம் வந்துவிட்டால் கோவிந்தசாமி அவனை எந்தப் பெயர் சொல்லியும் கூப்பிடமாட்டான். ஏன் என்று மாணிக்கவேல் ஒருநாளும் யோசித்ததில்லை. யோசிக்காமல் இருக்கிற வசதி பிறக்கும்போதே அவனுக்குக் கிடைத்திருந்தது.

அந்த ஆண்டு மாரியம்மன் திருவிழாவுக்கு முன்னால் காலனி ஒரு கேள்வி கேட்டது. சாமி ஊர்வலம் எல்லாத் தெருவுக்கும் போகிறது, காலனி முக்கு வந்ததும் ஏன் திரும்பிவிடுகிறது? இந்தத் தடவை காலனிக்குள்ளும் வரவேண்டும், இல்லையென்றால் பறை அடிக்க மாட்டோம். பறை இல்லாமல் அம்மனைத் தூக்கிய வழக்கம் ஊரில் இல்லை. விழாக் கமிட்டித் தலைவரான கலியபெருமாள் இரண்டு நாள் கத்திவிட்டு, மூன்றாவது நாள் இறங்கி வருவார் என்றுதான் எல்லாரும் பேசிக்கொண்டார்கள்.

"ஒனக்கு எப்படா சாமி மேல இவ்ளோ பக்தி வந்துச்சு?" என்று மாணிக்கவேல் கேட்டான்.

"சாமிய எவன் கேட்டான்? நான் ரோட்ட கேக்குறேன்," என்றான் கோவிந்தசாமி.

மறுநாள் கலியபெருமாள் மாணிக்கவேலை அறைக்குக் கூப்பிட்டார்.

"மாணிக்கம், நீ எதோ கேசட்டு வச்சிருக்கியாமே. மேளம் அடிக்கிற மாதிரியே இருக்குதாமே."

"அது டிவி கேம் பாட்டுங்க, மொதலாளி."

"என்னா பாட்டா இருந்தா என்னாடா. டிராக்டர்ல ஹாரன் கட்டி போட்டா ஊரே கேக்கும். எடுத்துட்டு வா."

எதற்காகக் கேட்கிறார் என்று அவனுக்குப் புரியாமல் இல்லை. கோவிந்தசாமியின் முகம் ஒருமுறை வந்து போனது. ஆனால் அதைவிடப் பெரிதாக வந்து நின்றது ஹாரன். கட்டிலடியில் கிடந்தது ஊரெல்லாம் கேட்கப்போகிறது. வீட்டுக்கு வந்து, "மொதலாளி கேக்கும்போது இல்லன்னு சொல்ல முடியுமா?" என்றான் சுபாஷினியிடம். அது பொய். கலியபெருமாள் அவனை மிரட்டவில்லை, முகத்தைக்கூடச் சுளிக்கவில்லை. மனிதனை விலைக்கு வாங்கப் பல நேரம் கைதட்டல் ஆசையே போதுமானதாக இருக்கிறது.

திருவிழா அன்று சாயங்காலம் ஊர்வலத்தோடு டிராக்டர் கிளம்பியது. ஹாரனில் பனிக்குகைப் பாட்டு அலறியது. முதல் தெருவில் சனம் முழித்தது. இரண்டாவது தெருவில், மூன்றாவது குரலின் அடி காதில் ஏறியதும் ஒரு பெண் தலையை விரித்துப் போட்டு ஆடினாள். பிறகு இன்னும் இருவர். ஜப்பானிலோ எங்கேயோ ஒருவன் பொம்மை மனிதன் ஓடுவதற்காகப் போட்ட மெட்டுக்கு விருத்தாசலத்தில் மாரியம்மன் இறங்கிவிட்டாள். கேசட் முடியும் நேரம் ஆள் சாகிற இசை வந்தது. ஆடியவர்கள் அதோடு சரிந்து விழுந்தார்கள். "ஆத்தா மலையேறிட்டா," என்றார் பூசாரி. மாணிக்கவேலுக்குச் சிரிப்பு தொண்டை வரை வந்தது.

காலனி முக்கில் அந்தச் சிரிப்பு செத்தது. கோவிந்தசாமியும் மற்றவர்களும் பறையைத் தோளில் மாட்டிக்கொண்டு அங்கே நின்றார்கள். கடைசி நேரத்தில் கமிட்டி கூப்பிட்டுத்தான் ஆகவேண்டும் என்று நம்பி வந்திருந்தார்கள். கலியபெருமாள் கேசட்டை மறுபடி முதலிலிருந்து போடச் சொன்னார். மைக்கை வாங்கி, "ஆத்தாளே ஒத்துக்கிட்டா. இனிமே யாரு தயவும் நமக்கு வேணாம்," என்றார். டிராக்டர் முக்கில் திரும்பியது.

கோவிந்தசாமி தன்னுடைய அடியைக் கேட்டான். பக்கத்தில் இருந்தவர்களுக்குப் பாட்டு புதிது. அந்த அடி கேசட்டுக்குள் எப்படிப் போனது என்று அந்தச் சாலையில் இரண்டு பேருக்குத்தான் தெரியும். அவன் கூட்டத்தில் மாணிக்கவேலைத் தேடிப் பார்த்தான். பார்த்துவிட்டு, தோளிலிருந்து பறையைக் கழற்றித் தரையில் வைத்தான்.

திங்கட்கிழமை யூனிட்டில், "வாங்க. இந்த அடுக்குக்கு மோல்டு சாமான் காஞ்சிடிச்சுங்களா?" என்றான் கோவிந்தசாமி.

"டேய், என்னாடா வாங்க போங்கன்னு."

"வேற என்னா சொல்றதுங்க."

திட்டியிருந்தால் மாணிக்கவேல் பதில் சொல்லியிருப்பான். அன்றைக்கு அவன் பிரித்த பிள்ளையார்கள் மூன்றுக்குத் தும்பிக்கை போனது.

அன்று சாயங்காலமே டீக்கடையில் பத்துப் பேர் நடுவில் நின்று சொல்லிவிட்டான். "அது டிவி கேம் பாட்டுங்க. ஆத்தா மலையேறுனான்னு சொன்னீங்களே, அது ஆட்டத்துல ஆளு சாவுற சத்தம். அடி கோவிந்தசாமி அடி. அவங்கிட்ட இருந்து எடுத்தது." சொன்னால் ஊர் வெட்கப்படும் என்று எதிர்பார்த்தான். ஊர் சிரித்தது.

கலியபெருமாள் டீயை ஆற்றிக்கொண்டே சொன்னார்: "நீ எங்கடா பண்ண? ஆத்தா ஒன் கையால பண்ணிக்கிட்டா. போயி வேலையப் பாரு."

மூடத்தனத்திடம் உண்மையைக் கொண்டுபோய்க் கொடுத்தால், அதையும் தட்டில் வைத்துச் சூடம் காட்டிவிடும். மாணிக்கவேலுக்கு அன்று அது புரிந்தது, தாமதமாகப் புரிந்தது.

டிவி கேம் பெட்டியை அதற்குப் பிறகு அவன் தொடவில்லை. அடுத்த ஆண்டு திருவிழாவுக்குக் கொடி கட்டியபோது, முதலாளி கேட்பதற்கு முன்னால் தானே போய், "கேசட்ட அழிச்சிட்டேங்க. இந்த வருஷம் அவங்களத்தான் கூப்புடணும்," என்றான். முந்தின ஆண்டு சொல்லியிருக்க வேண்டிய வாக்கியம்.

"அதுக்கென்னா. நாங்க போன வருஷமே நாலு காப்பி எடுத்துட்டோம்," என்றார் கலியபெருமாள்.

திருவிழா அன்று ஊர்வலத்தோடு போகாமல் மாணிக்கவேல் காலனி முக்கில் போய் நின்றான். காலனிச் சனம் அவனைப் பார்த்து ஓரமாக இடம் விட்டது. டிராக்டர் வந்தது, பாட்டு வந்தது, முக்கில் திரும்பியது. கோவிந்தசாமி அவன் பக்கம் திரும்பாமலே சொன்னான்:

"ஒங்க பாட்டு போவுது பாருங்க. பின்னாலயே போங்க."

மாணிக்கவேல் போகவில்லை. நில்லுங்கள் என்றும் யாரும் சொல்லவில்லை.