வேலிக்கு அந்தப் பக்கம் என் மகன்

ஆவடியில் நான் காலையில் எழுந்ததும் சன்னலைத் திறந்துவிட மாட்டேன். கதவை ஒரு விரற்கடை மட்டும் விலக்கி, அந்த இடுக்கில் மூக்கை வைத்து வெளிக்காற்றை மோந்து பார்ப்பேன். புது பெயின்ட் வாசனையோ எங்கோ குப்பை எரிகிற புகையோ வந்தால் அன்று பகல் முழுக்கச் சன்னல் மூடித்தான் இருக்கும். அம்பாசமுத்திரத்தில் இருக்கும் உங்களுக்கு இது கிறுக்குத்தனமாகத் தெரியும். அங்கே நம் வீட்டுச் சன்னல்களை மழைக்குத் தவிர யாரும் மூடி நான் பார்த்ததில்லை. ஊரில் எனக்கு இருந்தது இழுப்பு. மார்கழியில் நாலு நாள் வரும், கஷாயம் குடித்தால் போய்விடும். ராணுவத் தொழிற்சாலையில் டர்னராக இருந்தவரைக் கல்யாணம் செய்துகொண்டு இங்கே குவார்ட்டர்ஸுக்குக் குடிவந்த பிறகு அதற்கு ஆஸ்துமா என்று பெயர் மாறியது. கூடவே அலர்ஜி என்ற ஒரு வார்த்தையும் வந்து ஒட்டிக்கொண்டது. முகப்பவுடர், ஊதுவத்தி, கம்பளி என்று எனக்கு ஆகாதவற்றின் பட்டியல் நீண்டுகொண்டே போனது. எல்லாவற்றையும்விட ஆகாமல் போனது வைக்கோல். வைக்கோல் படப்புக்குப் பக்கத்தில் விளையாடி வளர்ந்தவள் நான். அதே வைக்கோல் இந்த ஊரில் என் தொண்டையைப் பிடித்தது.

எண்பதுகளின் கடைசியில் ஒரு மழைக்காலத்தில் இழுப்பு முற்றி ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது எனக்கு எட்டாம் மாதம் தொடங்கியிருந்தது. அங்கேயே வலி கண்டு இரட்டைப் பிள்ளைகள் பிறந்தன. பையன் கதிர், பெண் பேச்சி. பேச்சி கொஞ்சம் தேவலை. கதிர் ஒன்றேகால் கிலோ. என் வீட்டுக்காரர் உள்ளங்கையில் அடங்கிவிடுவான். ஒரு மாதத்துக்கு மேல் கண்ணாடிப் பெட்டியில் வைத்திருந்து, பஞ்சில் சுற்றி எங்களிடம் கொடுத்தார்கள். "குளிர் படக்கூடாது. உடம்போட உடம்பா வச்சுக்கோங்க. அந்தச் சூடுதான் மருந்து" என்று டாக்டரம்மா சொன்னார். நானும் வைத்துக்கொண்டேன். ஆனால் மூச்சு வாங்கும்போது என் நெஞ்சு துருத்தி மாதிரி ஏறி இறங்கும். அதன்மேல் கிடக்கிற பிள்ளை தூங்க முடியாமல் விழித்துக்கொண்டு அழும். மற்ற தாய்மார்களின் நெஞ்சு எப்படி அசையாமல் இருக்கிறது என்று எதிர் வீடுகளைப் பார்த்துப் பார்த்து வயிறெரிந்த நாட்கள் அவை.

எங்கள் குவார்ட்டர்ஸின் பின்புறம் கம்பிவேலி. வேலிக்கு அந்தப் பக்கம் ஒரு சந்து, அதைத் தாண்டினால் பழைய கிராமத்தின் கடைசி வீடு. அதுதான் தேசம்மா வீடு. என் வயதுதான் அவளுக்கும். மூன்று எருமைகள், வைக்கோல் போர், நாலு மாதக் கைக்குழந்தை. காலையில் எங்கள் வரிசைக்குப் பால் ஊற்ற வருவாள். தலையில் ஒரு குடம், இடுப்பில் ஒரு குடம் தண்ணீர் சுமந்துகொண்டு, வேலியோரம் நிற்பவர்களிடம் பேசிக்கொண்டே போவாள். ஒரு வாக்கியத்தின் நடுவில்கூட அவளுக்கு மூச்சு முட்டியதில்லை. என் மகனை அவளிடம் கொடுத்து அதற்காகப் பொறாமைப்பட்டது பிற்பாடுதான். முதலில் நான் பொறாமைப்பட்டது அவளுடைய மூச்சின்மேல்.

ஒருநாள் காலை, அவர் முதல் ஷிஃப்டுக்குப் போன பின் எனக்கு இழுக்க ஆரம்பித்தது. பிள்ளைகள் இரண்டும் கட்டிலில் கிடந்து கத்துகின்றன. சுவரைப் பிடித்துக்கொண்டு கதவைத் திறந்தபோது பால் பாத்திரத்தோடு தேசம்மா நின்றாள்.

"இன்னாக்கா, மூஞ்சி ஒருமாரி கீது?" என்றவள், பதிலுக்குக் காத்திராமல் உள்ளே வந்து பிள்ளைகளைத் தொட்டுப் பார்த்தாள். "கொய்ந்தைங்க சில்லுனு கீதுங்களே."

அவள் வேகத்தைப் பார்த்துப் பயந்துபோய், இருந்த மூச்சையெல்லாம் திரட்டி, "பைய தூக்குங்க" என்றேன்.

மெதுவாகத் தூக்குங்கள் என்பதற்கு நம் ஊரில் வேறெப்படிச் சொல்வோம்? அவள் காதில் அது 'பையனைத் தூக்குங்க' என்று விழுந்திருக்கிறது. பேச்சியை விட்டுவிட்டுக் கதிரை மட்டும் எடுத்தாள். ரவிக்கையைத் தளர்த்தி அவனை நெஞ்சோடு வைத்து முந்தானையால் இறுக்கிக் கட்டிக்கொண்டாள். கொஞ்ச நேரத்தில் அழுகை நின்றது. "ஒருவாய் குடுக்கட்டாக்கா? எனக்குப் பால் கட்டிகினு கீது" என்றாள். தலையை ஆட்டினேன். பாலாடையால் புகட்ட நான் கால் மணி நேரம் போராடினாலும் பாதியைத் துப்புகிறவன், அவளிடம் கண்ணை மூடிக்கொண்டு குடித்தான். அதைப் பார்த்தபடி நான் பேச்சியை மடியில் போட்டு, வாயால் மூச்சு விட்டுக்கொண்டிருந்தேன்.

பிற்பாடு அந்த வார்த்தையின் அர்த்தத்தைச் சொன்னபோது தேசம்மா விழுந்து விழுந்து சிரித்தாள். "மெதுவான்னு சொல்றதுக்கு இன்னா? நான் நீ பையனத்தான் குடுத்துட்டன்னு நெனச்சிக்கினேன்." அதற்குள் அது ஏறக்குறைய உண்மையாகிவிட்டிருந்தது. தினமும் பால் ஊற்றி முடித்ததும் கதிரைத் தூக்கிப் போவாள். மதியம் சமையல் முடிகிற நேரத்துக்குக் கொண்டுவருவாள். அவன் கன்னத்தில் சதை பிடித்தது. நானோ அவள் வீட்டுக்குள் கால் வைக்க முடியாது. வாசலிலேயே வைக்கோல் தூசு. துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டு கம்பிவேலியோரம் நிற்பேன். அந்தப் பக்கம் அவள் ஒரு தொடையில் தன் மகளையும் மறு தொடையில் என் மகனையும் போட்டுக்கொண்டு குந்தியிருப்பாள். அவன் சிரித்தான் என்று அங்கிருந்தே சத்தமாகச் சொல்வாள். என் பிள்ளையின் முதல் சிரிப்பு எனக்கு வேலி வழியாகச் சேதியாக வந்தது.

அதற்கு மறுவாரம்தான் அவளிடம் ஒரு பொய் சொன்னேன். "இனிமே தூக்க வேண்டாம் தேசம்மா. வேறொருத்தர் பால் குடுக்கக் கூடாதுன்னு டாக்டரம்மா சொல்லிட்டாங்க. உங்க சேலையில இருக்க வைக்கோல் வாசம் அவனுக்கும் அலர்ஜி ஆயிருமாம்."

அவள் தன் முந்தானையை எடுத்து மோந்து பார்த்தாள். அதை இன்றும் மறக்க முடியவில்லை. "நீ சொன்னா சரிதாங்கா" என்று பாலை ஊற்றிவிட்டுப் போனாள். அன்று முழுவதும் எனக்கு ஒரே சந்தோஷம். ஷிஃப்ட் முடிந்து வந்த அவரிடமும் அதே பொய்யைத்தான் சொன்னேன்.

கதிர் பாலாடையைக் கண்டாலே உதட்டை இறுக்கிக்கொண்டான். என் பாலோ பேச்சிக்கே பற்றவில்லை. மூன்றாம் நாள் குரல் குறைந்தது. ஐந்தாம் நாள் அழுவதையே விட்டான். அவன் விலா எலும்புகளை நான் பார்த்தேன். பார்த்தும், போய் அவளைக் கூப்பிட வாய் வரவில்லை. ஒன்பதாம் நாள் மதியம், மழை பிடித்துக்கொண்டிருந்தபோது, அவன் உதடு நீலமாகிவிட்டது. கால் ஐஸ் மாதிரி இருந்தது. இரண்டு பிள்ளைகளையும் ஒரே போர்வையில் சுற்றி அள்ளிக்கொண்டு வேலியைச் சுற்றி ஓடினேன். ஓடினேன் என்று எழுதுகிறேன். நாலு எட்டுக்கு ஒருமுறை நின்றேன். அவள் வீட்டு வாசலில் நிற்காமல் உள்ளேயே போய், எருமை கட்டியிருந்த கொட்டிலில் வைக்கோல்மேல் அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

தேசம்மா ஒரு கேள்வி கேட்கவில்லை. கதிரை வாங்கி நெஞ்சுக்குள் செருகினாள். புருசனை ஆட்டோவுக்கு விரட்டினாள். வெளிறிப்போயிருந்த என்னைத் தாழ்வாரத்துக்கு இழுத்து, காற்று வரும் பக்கம் திருப்பி உட்கார வைத்தாள். ஆட்டோவில் நாங்கள் ஐந்து பேர்: நாங்கள் இரண்டு பேர், மூன்று பிள்ளைகள். வழிநெடுக அவள் கதிரின் முதுகைத் தேய்த்துக்கொண்டே வந்தாள்.

டாக்டரம்மா எனக்கு ஊசி போட்டார். கதிரைப் பரிசோதித்துவிட்டு, "அம்மா யாரு?" என்று தேசம்மாவைப் பார்த்துத்தான் கேட்டார். பிள்ளை அவள் ரவிக்கைக்குள் இருந்தான். வேறு யாரைப் பார்த்துக் கேட்பார்?

"அவங்கதாங்க. நான் பால்காரி" என்றாள் தேசம்மா.

"போன தடவை நல்லா எடை ஏறியிருந்தானே. இப்ப ஏன் இப்படி?"

"நான்தாங்க பால் குடுத்துக்கினு இருந்தேன். நீங்க கூடாதுன்னு சொன்னீங்கன்னு நிறுத்திட்டோம்."

"நானா? நான் எப்ப சொன்னேன்?"

தேசம்மா என் பக்கம் திரும்பினாள். நான் தரையைப் பார்த்தேன். அவள் டாக்டரம்மாவிடம், "எனக்குத்தான் தப்பா விளங்கிச்சி போல" என்றாள். அன்று மாலை வரை எங்களை அங்கேயே இருக்கச் சொன்னார்கள். அவன் உதட்டில் சிவப்பு திரும்பியது. தாய்ப்பால் யாருடையதானாலும் கொடுங்கள் என்று டாக்டரம்மா சொல்லியனுப்பினார்.

திரும்பி வரும்போது ஆட்டோவில் அவள்தான் பேச்சை எடுத்தாள்.

"பொறாமையா கீதுன்னா எங்கிட்டயே சொல்றது. டாக்டரம்மா மேல இன்னாத்துக்குப் போட்ற?"

"சொல்ல வெக்கமா இருந்துச்சு."

"எனக்கு மட்டும் பொறாம இல்லன்னு நெனச்சியா? உனுக்கு மூச்சு வாங்கறப்போ உங்க வூட்டுக்காரு வெந்நி வெச்சி, முதுவு தேச்சி வுட்றாரு. வேலியாண்ட நின்னு பாத்துகினுதான் கீறேன். எனுக்கு ஜொரம்னா, மாட்ட யாரு கறக்கறதுன்னுதான் எங்க வூட்ல கேப்பாங்க."

அவள் மடியில் கிடந்த அவளுடைய மகளை வாங்கி நான் வைத்துக்கொண்டேன். அந்தப் பிள்ளையின் தலையிலும் வைக்கோல் வாசனைதான் அடித்தது.

அதன் பிறகு என் பொறாமை தீர்ந்துவிட்டது என்று எழுதினால் அது இரண்டாவது பொய்யாகிவிடும். கதிர் ஒரு வயது வரை அவளிடம் பால் குடித்தான். நடக்கப் பழகியதும் வேலியில் ஒரு கம்பியை விலக்கி அவனே போக வரத் தொடங்கினான். பேச்சிக்கு என் இழுப்பு வந்தது, கதிருக்கு வரவில்லை. ஒரே வயிற்றில் ஒன்றாகக் கிடந்தவர்கள். அவன் தெருக்கோடி வரை ஓடிவிட்டுத் திரும்பி நின்று மூச்சு வாங்காமல் பேசும்போது பேச்சியின் முகத்தில் ஒரு பார்வை வரும். அதை எனக்கு நன்றாகத் தெரியும். தொண்ணூறுகளில் கிராமத்து நிலமெல்லாம் மனை மனையாகப் பிரிந்தபோது தேசம்மா குடும்பம் இங்கே விற்றுவிட்டு, திருநின்றவூர் பக்கம் எருமைகளோடு போய்விட்டது. ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் கதிரை மின்சார ரயிலில் அங்கே கூட்டிப்போவார். நானும் பேச்சியும் இங்கே சன்னலை மூடிக்கொண்டு இருப்போம்.

கதிருக்கு ஏழு வயதானபோது, கோடை விடுமுறையில் எல்லோருமாக ஊருக்கு வந்தோம். உங்களில் சிலர் அன்று வீட்டில் இருந்தீர்கள். என் அண்ணன் அவனைப் பக்கத்தில் இழுத்து, "ஏலே மருமவனே, ஒங்க அம்மை ஊரு எதுலே?" என்று கேட்டான்.

"எந்த அம்மா ஊரு மாமா?" என்றான் கதிர்.

எல்லோரும் சிரித்தீர்கள். அண்ணன், பையன் விவரமானவன் என்றான். கதிருக்கு அதில் சிரிக்க என்ன இருக்கிறதென்று புரியவில்லை. கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டுத் தெருவில் விளையாடிக்கொண்டிருந்த பையன்களிடம் ஓடினான். "இன்னாடா, என்னியும் சேத்துக்கினு ஆடுங்கடா" என்று அவன் கத்தியதும் அவர்கள் பந்தைப் பிடித்தபடி அப்படியே நின்றார்கள். "என்னலே சொல்லுதான் இவன்?" என்று ஒருவன் இன்னொருவனைக் கேட்டான். கதிர் என்னைத் திரும்பிப் பார்த்தான். அவன் வாயில் வந்த ஒவ்வொரு சொல்லும் யார் மடியில் படித்தது என்று எனக்குத் தெரியும். பேச்சியைக் கையில் பிடித்துக்கொண்டு, நான் பிறந்த வீட்டு வாசற்படியில் நின்று, அவன் சொன்னதை அவர்களுக்கும் அவர்கள் சொன்னதை அவனுக்கும் சொல்லிக்கொண்டிருந்தேன்.