குண்டனைத் தடை செய்யச் சொன்னவர்கள்

வீடியோ கேம் கடை நடத்துகிறவளுக்கு முதலில் வேண்டியது கரண்டும் இல்லை, காற்றோட்டமும் இல்லை. தோற்றவன் சொல்லும் காரணத்தை முகம் மாறாமல் கேட்கிற பொறுமைதான். எனக்கு அது ஒருநாளும் இருந்ததில்லை. எந்தத் தொழிலிலாவது வாடிக்கையாளரின் விளக்கங்களைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்தவர்களுக்கு நான் சொல்லப்போவது நன்றாக விளங்கும்.

கொழும்பு வெள்ளவத்தையில் காலி வீதியிலிருந்து கடற்கரைக்கு இறங்கும் ஒழுங்கை ஒன்றில், வீட்டின் முன்னறைதான் கடை. அண்ணா கனடாவுக்குப் போகும்போது "வித்துப்போடு" என்று சொல்லித் தந்துவிட்டுப் போனார். விற்கச் சொன்னதாலேயே நான் விற்கவில்லை. நாட்டில் சண்டைக் காலம். பிள்ளைகளை மைதானத்துக்கு விடப் பயந்த தாய் தகப்பன்மார் என் கடைக்கு மட்டும் விட்டார்கள். வேலைக்குப் போகும் ஆண்களும் வந்தார்கள். உடைந்ததைத் திருத்த நிஸாம் நாநா இருந்தார்.

எல்லோருக்கும் பைத்தியம் ஒரே ஒரு விளையாட்டில். திரையில் இரண்டு பேர் மோத வேண்டும், விழுந்து எழும்பாதவன் தோற்றான். ஆட்களின் ஜப்பான் பெயர் வாயில் நுழையாததால் கடைக்கு வரும் பெடியள் தாங்களே பெயர் வைத்தார்கள். தூர நின்று நெருப்புப் பந்து எறிகிறவன் பந்துக்காரன். சுழன்று சுழன்று அடிக்கிறவள் சாட்டைக்காரி. ஆமை நடை நடந்து வந்து, கிட்டப் போனால் கட்டிப்பிடித்து நிலத்தில் போடுகிறவன் குண்டன்.

அந்த வருஷம் வெள்ளவத்தைக்கும் கொட்டாஞ்சேனைக்கும் போட்டி வைத்தோம். கொட்டாஞ்சேனைப் பக்கத்தில் ரவி என்று ஒருவன். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து லொட்ஜில் தங்கி, வெளிநாட்டு விசாவுக்குக் காத்திருந்த இளைஞன். அவன் குண்டனை எடுத்து வருகிறவன் போகிறவனையெல்லாம் அடித்துப்போட்டான். உடனே குண்டனைத் தடை செய்யச் சொல்லிக் கடைக்குள் கொடி பிடித்தார்கள். குண்டனை நீக்கிவிட்டால் ரவிக்கு வேறு ஆளில்லை, பிறகு போட்டியும் இல்லை. நான் மாட்டேன் என்றேன். அந்தச் சண்டை பிடுங்குப்பாட்டில் கேட்ட கதைகள்தான் இவை.

பந்து எறிவது பாவம்

வங்கி உத்தியோகத்தர் ஒருவர் கழுத்துப்பட்டியோடு நேராக வேலையிலிருந்து வருவார். பந்துக்காரனிடம் தோற்பார். தோற்றதும் கொன்றோலரைத் தூக்கிப் போட்டுவிட்டு, "இது விளையாட்டில்லை, கள்ளம்" என்று தொடங்குவார். தன்னை வென்றதெல்லாம் கள்ளம் என்று நினைப்பவர்கள் என் கடையில் மட்டுமா இருந்தார்கள்?

ஒருநாள் பொறுக்க முடியாமல் நானே எதிரில் இருந்தேன். பந்து பந்தாக எறிந்தேன். "இப்ப பாயுங்கோ" என்றேன். பாய்ந்தார், தப்பினார். திரும்ப எறிந்தேன், திரும்பத் தப்பினார். பாய்ந்து கிட்ட வந்து எனக்கு இரண்டு குத்தும் விட்டார். சரி, மனுஷனுக்கு விளங்கிவிட்டது என்று நினைத்தேன். அவர் கழுத்துப்பட்டியைச் சரி செய்துகொண்டு எழும்பினார்.

"பாய்ஞ்சால் தப்பலாம் எண்டு எனக்கும் தெரியும். ஆனா நான் ஏன் பாயோணும்? எறியிறவர் எறியாமல் விடலாம்தானே?"

இடது பக்கத்துக் கதிரை

ஒவ்வொரு ரீவிக்கு முன்னும் இரண்டு கதிரை. இடது பக்கத்தில் இருக்கிறவன்தான் வெல்வான் என்று எப்படியோ ஒரு நம்பிக்கை பரவிவிட்டது. அந்தக் கதிரைக்கு அடிபிடி. இடது கொன்றோலர் வேகமாம், வலது கொன்றோலர் சுணக்கமாம். நிஸாம் நாநாவிடம் சொல்லி இரண்டு கொன்றோலரையும் வயரோடு இரகசியமாக இடம் மாற்றிப் பூட்டினோம். இடது கதிரைக்காரன் இப்போது வலது கொன்றோலரில் விளையாடினான். அவனே திரும்பவும் வென்றான்.

நான் உண்மையைப் போட்டுடைத்தேன். கதிரையிலும் இல்லை, கொன்றோலரிலும் இல்லை. முதல் வருகிறவன் வாசலுக்குக் கிட்டவுள்ள இடது கதிரையில் இருக்கிறான், முதல் வருகிறவன் நாளாந்தம் வந்து பழகுகிறவன், பழகினவன் வெல்கிறான். எல்லோரும் தலையாட்டினார்கள். தலையாட்டிவிட்டு மற்ற நாளும் அதே கதிரைக்கு அடிபட்டார்கள். நான் நிஸாம் நாநாவைப் பார்த்தேன். அவர் திருகாணியை வாயிலிருந்து எடுத்தார்.

"வயர மாத்தலாம் தங்கச்சி. கதிரைல ஈக்கிறவன்ட மண்டைய மாத்த எனக்கிட்ட பார்ட்ஸ் இல்ல."

புதுத் தட்டு

வெள்ளவத்தையின் நட்சத்திரம் கஜன். கம்பியூட்டர் படித்துக்கொண்டிருந்தான், சாட்டைக்காரி அவன் கையில் பம்பரம். ஒருமுறை விளையாட்டின் சீடித் தட்டு கீறுப்பட்டுவிட, அதே விளையாட்டின் இன்னொரு பிரதியை வாங்கிவந்தேன். எல்லாம் களவுப் பிரதிதான். இதன் கவரில் மட்டும் படம் வேறு. கஜன் கவரைக் கண்டான், அன்று பின்னேரம் முழுக்கத் தோற்றான். "புதுசில சாட்டைக்காரியைக் குறைச்சுப்போட்டாங்கள், குண்டனைக் கூட்டிப்போட்டாங்கள்" என்று கடை முழுக்கச் சொன்னான். அவன் மட்டுமல்ல, மற்றவர்களும் அப்படித்தான் என்று சத்தியம் செய்தார்கள். சாட்டையின் நீளம்கூடக் குறைந்துவிட்டதாம்!

அடுத்த நாள் அதே புதுத் தட்டைப் பழைய கவருக்குள் வைத்து, "பழசு வேலை செய்யுது" என்று கொடுத்தேன். கஜன் வரிசையாக வென்றான். "பாத்தீங்களே, இதுதான் சரியான பலன்ஸ்" என்றான். நான் நடந்ததைச் சொன்னேன். வாய் மூடி இருப்பான் என்று பார்த்தால், தட்டை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"அப்ப கவரிலதான் ஏதோ இருக்கு அக்கா, நான் சும்மா சொல்லேல்ல."

ஆளுக்குப் பாதி

கஜனின் தகப்பன் கணக்காளர். மகன் லொட்ஜ் பெடியனிடம் தோற்கிறான் என்று கேள்விப்பட்டுக் கடைக்கே வந்துவிட்டார். பலன்ஸ், அதாவது சமநிலை என்றால் இரண்டு பேரும் பாதிக்குப் பாதி வெல்ல வேண்டும், இல்லாவிட்டால் விளையாட்டில் பிழை என்பது அவர் கட்சி. எனக்குச் சுர்ரென்று ஏறியது. பாதிக்குப் பாதிதான் வேண்டுமென்றால் நாணயத்தைச் சுண்டிப் பாருங்கள், அதற்கு என் கடை எதற்கு என்றேன். இரண்டு பேருக்கும் வெல்ல வழி இருக்க வேண்டும், அதுதான் சமநிலை. அந்த வழியில் யார் நன்றாகப் போகிறானோ அவன் வெல்வான். ஐயா பொறுமையாகக் கேட்டார். பிறகு கதிரையை இழுத்து எனக்குக் கிட்டப் போட்டுக்கொண்டு, குரலைத் தணித்தார்.

"அது சரி பிள்ளை, எந்த ஆளை எடுத்தால் கட்டாயம் பாஸ்?"

குண்டனின் பலம்

உண்மையில் குண்டன் பலசாலி இல்லை. அவனை வேறு ஒருவரும் எடுப்பதில்லை, அதனால் அவனோடு மோதி ஒருவருக்கும் பழக்கமில்லை. அவசரப்பட்டு ஓடிப்போய் அவன் கையில் விழுவார்கள். ரவி பேசாமல் காத்திருப்பான். அவன் எங்கள் கடையில் மட்டும்தான் நிம்மதியாகச் சாய்ந்து உட்கார்ந்து நான் கண்டிருக்கிறேன். தெருவில் அவன் நடக்கும்போது கை எப்போதும் சட்டைப்பையில், ஐசி எனும் அடையாள அட்டையின் மேல் இருக்கும். இத்தனை வேகமான ஆட்கள் இருக்க ஏன் இந்த ஆமையை எடுக்கிறாய் என்று ஒருநாள் கேட்டேன். திரையை விட்டுக் கண்ணை எடுக்காமல் சொன்னான்.

"எனக்கு ஊரிலயிருந்து ஓடி ஓடி அலுத்துப்போச்சு அக்கா. இவன் ஓடமாட்டான்."

எல்லாருக்கும் ஒரே சட்டம்

கடைசிப் போட்டி ரவிக்கும் கஜனுக்கும். ஞாயிற்றுக்கிழமை பின்னேரம். அரை மணித்தியாலம் பிந்தினால் தோல்வி என்று பெடியளின் கொமிற்றி சட்டம் போட்டிருந்தது. கஜன் இரண்டு ஒழுங்கை தள்ளியிருந்து பாட்டா செருப்போடு நடந்து வந்தான். ரவி கொட்டாஞ்சேனையிலிருந்து பஸ்ஸில் வரவேண்டும். அரை மணித்தியாலம் போனது, ரவி வரவில்லை. போன் வேலை செய்யவில்லை. காலையில் ஏதோ குண்டுப் புரளி என்று வழியெல்லாம் ஆமி மறித்துச் சோதனை.

"கஜன் வெண்டிட்டான்" என்று கொமிற்றி எழும்பியது. நான் பொறுங்கோ என்றேன். "சட்டம் எல்லாருக்கும் ஒண்டுதானே அக்கா" என்றான் ஒருவன். "காலி ரோட்டிலயும் சட்டம் ஒண்டுதான்" என்று கத்தினேன். "எல்லாரும் ஐசி காட்டோணும். நீ கொழும்பு ஐசியைக் காட்டிப்போட்டு நடந்து வாறாய். அவன் யாழ்ப்பாண ஐசியைக் காட்டிப்போட்டுச் சந்தேகத்தில மறிபட்டு நிக்கிறான். ரெண்டு பேருக்கும் அதே அரை மணித்தியாலம் குடுத்திட்டு அதைப் பலன்ஸ் எண்டு எனக்குச் சொல்லாதை."

போய் மெயின் சுவிச்சை இறக்கினேன். ரீவி எல்லாம் இருண்டது, காற்றாடி நின்றது. "கரண்ட் போகேல்ல, நான் நிப்பாட்டினது. ரவி வந்தால் போடுவன். வராட்டி இந்தக் கடையில சம்பியன் எண்டு ஒருத்தனும் இல்லை." நிஸாம் நாநா கதிரையைத் தூக்கிக்கொண்டு போய் சுவிச்சுக்கு முன்னால் போட்டு இருந்தார். பாதிப் பேர் திட்டிக்கொண்டு போனார்கள். கஜன் போகவில்லை. வியர்க்க வியர்க்க இருந்தான். கோபம் என்று நான் காட்டியது பெரும்பாலும் பயம். அந்த நாட்களில் சோதனையில் மறிபட்ட எல்லோரும் அன்றே திரும்பி வந்தார்கள் என்றில்லை. அது அந்த அறையில் இருந்த எல்லோருக்கும் தெரியும்.

இருட்டுப்படுகிற நேரம் ரவி வந்தான். பஸ்ஸிலிருந்து இறக்கி ஸ்டேஷனுக்குக் கொண்டுபோய், லொட்ஜ் முதலாளி வந்து பொறுப்பெடுத்த பிறகு விட்டிருக்கிறார்கள். சட்டையில் ஒரு பொத்தான் இல்லை. மற்றதை அவன் சொல்லவில்லை. வேறொரு நாள் வைப்போமா என்று கேட்டேன். "போடுங்கோ அக்கா" என்றான். சுவிச்சைப் போட்டேன்.

தோற்றான். ரவி களைத்திருந்தது உண்மை. ஆனால் கஜனும் அன்று அவசரப்படவில்லை, கிட்டவே போகாமல், காத்திருந்து காத்திருந்து சாட்டை நுனியால் அடித்தான். அவன் கடைக்கு வந்த நாளிலிருந்து நான் தொண்டை கிழியச் சொன்னதை அன்றுதான் செய்தான். இது செல்லாது, இன்னொருமுறை விளையாடுங்கள் என்று வாய் திறந்தேன். ரவி கொன்றோலரை மெதுவாக மேசையில் வைத்தான்.

"வேண்டாம் அக்கா. வராமல் தோக்கேல்ல, விளையாடித் தோத்தனான்."

குண்டனைத் தடை செய்யச் சொல்லி அதன்பிறகு ஒருவரும் வாய் திறக்கவில்லை; அடுத்த கிழமை சாட்டைக்காரியைத் தடை செய்யச் சொல்லி வந்தார்கள், அதற்கும் மாட்டேன் என்றேன்.