வடிவுக்குக் கட்டிய கோபுரம்

குரக்கன் என்கிற கேழ்வரகில் காய்ச்சும் கூழ் அடிப்பிடித்தால் எழும்புமே ஒரு மணம், இனிப்பும் கருகலும் கலந்து தொண்டையில் போய்ப் படிகிற மணம், அதுதான் நான் வளர்ந்த தெருவின் மணம். முளைக்கவிட்டு வறுத்த பார்லியைச் செப்புக் கொப்பரைகளில் அவிக்கும் நாட்களில் ஜன்னலைப் பூட்டினாலும் அது உள்ளே வந்துவிடும். காயப்போட்ட உடுப்பிலும் என் பள்ளிக்கூடப் பையிலும் அம்மாவின் தலைமயிரிலும் இருக்கும். ஜெர்மனியின் ரூர் பக்கத்தில் ஒரு சிறு நகரம் அது. தெருவின் ஒரு பக்கம் முழுக்கப் பியர் ஆலையின் மதில், மறுபக்கம் அதன் தொழிலாளர்களுக்கென்று கட்டிய மாடி வீடுகள். அப்பாவுக்கு ஆலையின் போத்தல் கழுவும் மண்டபத்தில் வேலை கிடைத்ததும் அகதி விடுதியை விட்டு அந்த வீடுகளில் ஒன்றுக்கு வந்தோம். அம்மா சமைக்கும் குசினியின் ஜன்னலுக்கு நேர் எதிரே ஆலையின் வாசற்கோபுரம் நின்றது.

ஒரு பியர் ஆலைக்கு இவ்வளவு எடுப்பு எதற்கு என்று எனக்கு இன்றைக்கும் விளங்கவில்லை. கைசர் மன்னர் ஆண்ட காலத்தில் ஆலையை நடத்திய முதலாளி, பட்டமோ பரம்பரையோ இல்லாதவர், கையில் காசு புரண்டதும் பிரபுக்களின் கோட்டை மாதிரித் தனக்கும் ஒரு வாசல் வேண்டுமென்று, தேவாலயம் கட்டிப் பழகிய ஒருவரைப் பிடித்துக் கட்டுவித்தாராம். அந்த மனிதருக்கு வேறெதுவும் கட்டத் தெரியாது போலும். கோட்டையும் தேவாலயமும் கலந்து ஒன்றைக் கட்டிக் கொடுத்துவிட்டார். சிவப்புச் செங்கல்லுக்கு இடையிடையே மஞ்சள் மணற்கல் வரிகள். பீப்பாய் ஏற்றிய இரண்டு குதிரை வண்டிகள் எதிரும் புதிருமாகப் போகக்கூடிய கூரிய வளைவு. பக்கத்தில் தொழிலாளர் நுழைய ஓர் ஒற்றைக் கதவு. உச்சியில், அம்பு எய்ய எந்தக் காலத்திலும் ஆள் நிற்காத கோட்டைப் பற்கள். நான்கு மூலைக்கும் நான்கு குட்டிக் கோபுரங்கள். நடுவே பச்சை பூத்த செப்புக் கூரை. வளைவைச் சுற்றிப் பார்லிக் கதிரையும், பியருக்குக் கசப்புக் கொடுக்கும் ஹொப் கொடியையும் கல்லில் செதுக்கியிருந்தார்கள். அதற்கு மேலே ஒரு மாடத்தில், முடிசூடிய தாடிக்காரர் ஒருவர் கையில் கிண்ணத்தை உயர்த்தியபடி நின்றார். போரில் குண்டு விழுந்து ஒரு மூலை இடிந்ததாம். திருப்பிக் கட்டியபோது அதே செங்கல் கிடைக்காததால், இடப்பக்கக் குட்டிக் கோபுரம் மட்டும் சற்று வெளிறித் தெரியும். இதையெல்லாம் ஆரம்பப் பள்ளியில் எங்களைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டிய ஆசிரியை சொன்னார். உள்ளே என்ன இருக்கிறது என்று அவரிடம் கேட்க வெட்கப்பட்டு, வீட்டுக்கு வந்து அப்பாவிடம் கேட்டேன்.

"உள்ளுக்கை ஒண்டுமில்லை, பிள்ளை. ஒரு படிக்கட்டும் புறா எச்சமும். சும்மா வடிவுக்குக் கட்டினது, பார்க்க அழகா இருக்கட்டும் எண்டு" என்றார்.

குடிவந்த புதிதில் அம்மா அதைத் தேவாலயம் என்றே நினைத்துவிட்டார். எங்கள் ஊரில் சைவர்களும் மாதா கோயிலைக் கடக்கும்போது ஒருதரம் நின்று கும்பிட்டுவிட்டுத்தான் போவார்கள். அந்தப் பழக்கத்தில், கடைக்குப் போகும்போதும் வரும்போதும் மாடத்துத் தாடிக்காரருக்கு ஒரு கும்பிடு போட்டுக்கொண்டிருந்தார். வேலை முடிந்து ஒற்றைக் கதவால் வெளியே வந்த அப்பா ஒருநாள் கண்டுவிட்டார்.

"ஐயோ, என்னப்பா செய்யிறீர்? அவர் அந்தோனியார் இல்லை, பியருக்கு ராசா! கையிலை வைச்சிருக்கிறது பியர்!"

"கறுமம்! அப்ப ஏன் கோயில் மாதிரிக் கட்டி வைச்சிருக்கிறாங்கள்?"

அன்றைக்கு வீட்டில் சிரித்த சிரிப்பு கொஞ்சமல்ல. வருகிறவர் போகிறவருக்கெல்லாம் அப்பா இந்தக் கதையைச் சொன்னார். எங்கள் தெருவுக்கே வீட்டில் "பியர்ராசா கோயிலடி" என்று பெயர் வந்துவிட்டது. அம்மாவும் கோபிக்கவில்லை. கூடச் சேர்ந்து சிரித்தார்.

பிறகு கொழும்பிலிருந்து தொலைபேசி வந்தது. ஒரு ஞாயிறு மத்தியானம். மேசையில் சோறு போட்டிருந்தது. அம்மாவுக்கு ஒரே ஒரு தம்பி, குமரன் மாமா. சண்டை நெருங்கி ஊரே இடம்பெயர்ந்தபோது அவரும் எல்லாரோடும் புறப்பட்டிருக்கிறார். பாதி வழியில், கட்டியிருந்த மாடுகளை அவிழ்த்துவிட மறந்துவிட்டதாகச் சொல்லித் திரும்பிப் போனவர் பிறகு வரவில்லை. வீட்டுக்குப் போகும் ஒழுங்கை முகப்பில் ஓர் உடலைக் கண்டதாகவும் அது குமரன் போல இருந்ததாகவும் ஒருவர் சொன்னாராம். ஆட்களைப் பிடித்துக்கொண்டு போன வாகனத்தில் அவர் இருந்ததாக இன்னொருவர் சொன்னாராம். அப்பா முதல் ஆளை நம்பினார். அம்மா இருவரையும் நம்பவில்லை. நான் சோற்றைச் சாப்பிட்டு முடித்தேன். புகைப்படத்தில் மட்டும் கண்ட மாமா. அழவேண்டும் என்று தெரிந்தது, அழுகை வரவில்லை. பல் பிடுங்க ஊசி போட்ட கன்னம் மாதிரித்தான் இருந்தது. உண்மையைச் சொன்னால், இன்னமும் அப்படித்தான் இருக்கிறது.

அதன்பின் அம்மா கோயிலுக்குப் போவதை நிறுத்திவிட்டார். எங்கள் நகரத்தில் தமிழர்கள் ஒரு பழைய கிடங்கை வாடகைக்கு எடுத்துப் பிள்ளையாரை வைத்திருந்தார்கள். அதுவரை ஒரு வெள்ளிக்கிழமையும் அம்மா தவறவிட்டதில்லை. மேல்மாடி ராணியக்கா வந்து தன்மையாகத்தான் சொன்னார்.

"தங்கச்சி, அந்தியேட்டியைச் செய்து துடக்கைக் கழிச்சுப்போட்டுக் கோயிலுக்கு வாங்கோ. இப்பிடி எத்தினை நாளைக்கு இருக்கப்போறீங்கள்?"

"உயிரோடை இருக்கிறவனுக்கு ஆரக்கா அந்தியேட்டி செய்யிறது?"

"அப்பத் துடக்கில்லைத்தானே. வாருமன் கோயிலுக்கு" என்றார் அப்பா.

"ஏலாது" என்றார் அம்மா.

செத்த வீட்டுத் துடக்கோடு, அந்தத் தீட்டோடு, கோயிலுக்குள் போகக்கூடாது என்பது எங்கள் வழக்கம். தம்பி செத்திருந்தால் அம்மா உள்ளே போவது குற்றம். அந்தியேட்டிக் கிரியை செய்து துடக்கைக் கழித்தாலோ அவனைத் தன் கையாலேயே சாகடித்த மாதிரி. எப்போது தொடங்கியது என்றே தெரியாத துடக்கு எப்போது கழியும்? துடக்குக்காரருக்கு ஊரில் ஒரு வழி உண்டு: வெளியே, வீதியில் நின்று கோபுரத்தைக் கும்பிட்டுவிட்டு வரலாம். ஆனால் எங்கள் பிள்ளையார் இருந்தது கிடங்கில். அதற்குத் தகரக் கூரையும் சுருட்டுக் கதவும்தான் இருந்தன, கோபுரம் இல்லை.

ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம் அம்மா முழுகி, திருநீறு பூசி, குளிருக்கு மேலங்கியைப் போட்டுக்கொண்டு இறங்கிப் போவதை ஜன்னலால் பார்த்தேன். தெருவைக் கடந்து பியர் ஆலையின் வாசலுக்கு முன்னால் சப்பாத்தைக் கழற்றிவிட்டு, நிமிர்ந்து பார்த்துக் கைகூப்பினார். லொறிகள் போய்வந்துகொண்டிருந்தன. அப்பா பதறிக்கொண்டு ஓடினார். போன வேகத்தில் திரும்பி வந்து மேசையடிக் கதிரையில் இருந்தார்.

"அது பியர்ராசா எண்டு தெரியுந்தானே எண்டு கேட்டன். 'தெரியும், நான் அவரைக் கும்பிடேல்லை, கோபுரத்தைத்தான் கும்பிடுறன்' எண்டு சொல்லுறா" என்றார். இந்தக் கதையை அவர் யாருக்கும் சொல்லவில்லை.

அம்மா அதை விடவே இல்லை. தொழிலாளர்கள் முதலில் முறைத்துப் பார்த்தார்கள், பிறகு தலையசைத்துவிட்டுப் போகப் பழகிக்கொண்டார்கள். நான் படித்து முடித்து வேலைக்குப் போனேன், கலியாணம் கட்டினேன். அப்பா செத்தார், அவருக்குச் செய்யவேண்டிய கிரியைகளை எல்லாம் செய்தோம். அந்தத் துடக்குக் கழிந்தது. மற்றது அப்படியே இருந்தது.

ஆலையை ஒரு பெரிய ஆலை வாங்கி, வாங்கிய கையோடு மூடிவிட்டது. செப்புக் கொப்பரைகளையும் போத்தல் மண்டபத்தையும் மதிலையும் எடுத்துவிட்டு, அந்த இடமெல்லாம் விலைகூடிய வீடுகள் கட்டிவிட்டார்கள். கோபுரத்தை மட்டும் பழமைச் சின்னம் என்று வைத்துக்கொண்டு, கழுவித் துடைத்து, வெளிறிய மூலைக்கும் ஏதோ பூசி ஒரே நிறமாக்கியிருக்கிறார்கள். வரலாறு எழுதிய பலகையும் இருக்கிறது. போத்தல் கழுவியவர்களைப் பற்றி அதில் ஒரு வரி கிடையாது. இப்போது ஜன்னலைத் திறந்தால் ஒரு மணமும் வருவதில்லை.

போன இளவேனிலில் அம்மா அந்த வாசலில் நின்றபோது, புதிதாகக் குடிவந்த ஒரு பெண், கைக்குழந்தை வண்டியோடு வந்தவள், மரியாதையாகத்தான் ஜெர்மனில் கேட்டாளாம்: "யாரையாவது தேடுகிறீர்களா?" அம்மா "இல்லை" என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டார். தொலைபேசியில் இதை எனக்குச் சொன்னபோது அவருடைய குரலில் ஒன்றும் இல்லை. அடுத்த வியாழக்கிழமை நான் போனபோது வீடு முழுக்கக் கழுவி, திரைச்சீலை எல்லாம் தோய்த்துப் போட்டிருந்தார். துடக்குக் கழிக்கும் நாளில் செய்கிற வேலை அது.

"நாளைக்குக் கோயிலுக்குப் போவம்" என்றார்.

பிள்ளையார் இன்னமும் கிடங்கில்தான் இருக்கிறார். அம்மா அருச்சனைத் தட்டை நீட்டினார். அருச்சனைக்கு உயிரோடு இருப்பவர்களின் பெயரையும் நட்சத்திரத்தையும்தான் சொல்வது; அந்தக் காலத்தில் அம்மா எப்போதும் தம்பியின் பெயரைத்தான் முதலில் சொல்வார், பிறகுதான் நாங்கள். அன்றைக்கு என் பெயரில் தொடங்கினார். பிறகு என் கணவர், என் மகள், கடைசியாகத் தன் பெயர்.

"வேறை ஆரும் இருக்கினமோ, அம்மா?" என்று ஐயர் கேட்டார்.

"இல்லை ஐயா. அவ்வளவுதான்."

ஐயர் தட்டை வாங்கிக்கொண்டு உள்ளே போனார்.