இருபத்திரண்டு சொட்டு

ஆலையில் அவரை எல்லோரும் ஜீரோ என்றுதான் கூப்பிடுவார்கள். ஒன்றுக்கும் உதவாத ஆள் என்று நினைத்துவிட வேண்டாம். ஹோட்டல் படுக்கை விரிப்புகளை வண்டி வண்டியாகத் துவைத்து அனுப்பும் சலவை ஆலை அது. அங்கே பாய்லருக்குள் போகிற தண்ணீரில் கடினத்தன்மை என்பது பேச்சுக்குக்கூட இருக்கக் கூடாது. இருந்தால் குழாய்களுக்குள் சுண்ணாம்பு கட்டும், சூடு ஏறாது, கடைசியில் ஏதாவது ஒரு குழாய் வெடித்து வைக்கும். முப்பத்தோரு வருஷமாக இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை அந்தத் தண்ணீரைப் பரிசோதித்து, நோட்டில் 'ஜீரோ' என்று எழுதிக் கையெழுத்துப் போடுகிறவர் இவர். அத்தனை வருஷத்தில் ஒரு குழாய் வெடித்ததில்லை. அந்தப் பெருமை அவருக்குக் கொஞ்சநஞ்சம் இல்லை.

பரிசோதனை ஒன்றும் பெரிய வித்தை இல்லை. சின்னக் கண்ணாடி பாட்டிலில் தண்ணீர் பிடித்து ஒரு சிட்டிகை பொடி போட வேண்டும். தண்ணீர் சிவந்தால் உள்ளே சுண்ணாம்பு இருக்கிறது. அது நீலமாகும்வரை இன்னொரு மருந்தைச் சொட்டுச் சொட்டாக விட்டு எண்ண வேண்டும். எத்தனை சொட்டோ அத்தனை கெடுதல். பொடி போட்ட கையோடு நீலமானால் ஜீரோ. அந்த நீலத்தைப் பார்த்தால் மனிதருக்கு முகமே மலர்ந்துவிடும். தீபம் ஏற்றிக் கும்பிடாததுதான் பாக்கி என்று பாய்லர் அறை ஆட்கள் கேலி செய்வார்கள்.

வீட்டில் அவரும் அக்காவும் மட்டும்தான். இரண்டு பேருக்கும் கல்யாணம் ஆகவில்லை. ஏன் ஆகவில்லை என்று கேட்டவர்களும் கேட்டுக் கேட்டு ஓய்ந்துவிட்டார்கள். அக்கா அவரைவிட ஆறு வயது மூத்தவள், தபால் ஆபீசில் முத்திரை குத்தி, ஐம்பத்திரண்டிலேயே விருப்ப ஓய்வு பெற்றவள். ஓய்வு பெற்ற கையோடு கூடத்து ஜன்னல் பக்கத்தில் ஒரு மீன் தொட்டி வாங்கி வைத்தாள். உள்ளே பதினோரு கறுப்பு மோலி மீன்கள். அதில் பெரிதாக, வயிறு உப்பி, மூலை மூலையாகப் போய் எல்லாவற்றையும் எட்டிப் பார்த்துவிட்டு ஒரு வேலையும் செய்யாமல் திரும்பி வரும் ஒன்றுக்கு அவள் வைத்த பெயர் மேனேஜர். அந்தப் பெயரில் யாரை மனதில் வைத்திருந்தாள் என்று அவளுடைய பழைய ஆபீசில் கேட்டால் சொல்வார்கள்.

சனிக்கிழமை காலை தொட்டிக்கு. மெல்லிய குழாயால் அடிக் கற்களுக்கு இடையில் இருக்கும் அழுக்கை உறிஞ்சி ஒரு வாளி தண்ணீரை வெளியே எடுப்பாள். அந்த அழுக்குத் தண்ணீரிலேயே வடிகட்டியின் பஞ்சைப் பிழிந்து திரும்ப மாட்டுவாள். அப்புறம் ஒரு வாளி புதுத் தண்ணீர். நாலு வாளி பிடிக்கிற தொட்டியில் வாரம் ஒரு வாளி, அதற்கு மேல் ஒரு சொம்பு கூட மாற்ற மாட்டாள். கண்ணாடியில் படிந்த வெள்ளைக் கோட்டைச் சுரண்டவும் மாட்டாள். ஜீரோவுக்கு அந்த வெள்ளைக் கோட்டைக் கண்டாலே பற்றிக்கொண்டு வரும். அவர் வாழ்நாள் எதிரி அவர் வீட்டுக் கூடத்திலேயே குடியிருந்தால் வராதா?

ஆறு வருஷத்துக்கு முன்னால் அவர் வீட்டிலும் ஒரு மெஷின் பொருத்தினார். ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் அதற்குள் போய், சுண்ணாம்பை விட்டுவிட்டு, குளியலறைக்கும் சமையலறைக்கும் வரும். அந்த வாரமே மூன்று மீன்கள் செத்தன. புதுத் தண்ணீர் ஒத்துக்கொள்ளவில்லையோ என்று அக்கா இழுத்தாள். ஜீரோ உள்ளே போய் பாட்டிலை எடுத்துவந்தார், அவள் கண் முன்னாலேயே பொடியைப் போட்டார், பளிச்சென்று நீலம். இதைவிட நல்ல தண்ணீர் இந்தத் தெருவிலேயே கிடையாது என்று சொல்லிவிட்டு ஆலைக்குக் கிளம்பிப் போனார். அக்கா அதற்குப் பிறகு அந்தப் பேச்சை எடுக்கவில்லை, மீன்களும் சாகவில்லை. விஷயம் தீர்ந்தது என்று அவர் எடுத்துக்கொண்டார்.

இந்த வருஷம், ஒரு சனிக்கிழமை காலை, சமையலறைக்குப் பின்னால் இருக்கிற மூன்று படிகளில் அக்கா வழுக்கி விழுந்தாள். இடுப்பெலும்பு முறிந்துவிட்டது. பக்கத்து வீட்டார் போன் போட்டு அவர் ஆலையிலிருந்து ஓடிவந்தபோது பக்கத்தில் ஒரு வாளி கவிழ்ந்து கிடந்தது. அந்தப் படிகளுக்குக் கீழே, மெஷினுக்குள் போகாமல் கிணற்றிலிருந்து நேராக வரும் பழைய குழாய் ஒன்று இருக்கிறது. செடிக்குத் தண்ணீர் பிடிக்கப் போனேன் என்றாள். வீட்டுக்குள்ளேயே தங்கம் மாதிரி தண்ணீர் கொட்டும்போது பாசி பிடித்த படியில் உனக்கு என்ன வேலை என்று ஆம்புலன்சில் ஏற்றும்வரை அவர் திட்டித் தீர்த்தார். பயத்தில் வந்த கோபம்தான். அவள் கண்ணை மூடிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தாள்.

ஆபரேஷன் முடிந்தது. இரண்டு வாரத்தில் வீட்டுக்குப் போகலாம் என்றார்கள், அது ஐந்து வாரமாக இழுத்தது. தினமும் சாயங்காலம் அவர் போவார். தீனி ஒரு சிட்டிகைக்கு மேல் போடாதே, தண்ணியை மட்டும் மாத்தாதே, நான் வந்து பார்த்துக்கறேன் என்று அக்கா தினமும் சொல்வாள். அவர் தலையாட்டுவார். நாலாவது வாரம் டாக்டர் வந்து, நடக்கலாம், உட்காரலாம், ஆனால் இனிமேல் வாளி தூக்குகிற பேச்சே கூடாது, படி ஏறி இறங்குவதும் வேண்டாம் என்றார். டாக்டர் போன பிறகு அக்கா கொஞ்ச நேரம் போர்வையின் ஓரத்தை மடித்து மடித்துப் பிரித்தாள்.

"மீனையெல்லாம் வாங்கின கடைக்காரம்மாகிட்டயே திருப்பிக் குடுத்துடுடா."

ஏன் என்று அவருக்குப் புரியவில்லை. பன்னிரண்டு வருஷமாக வளர்த்ததை எதற்குக் கொடுக்க வேண்டும், குழாய் பத்தடியில் இருக்கிறது, நான் மாற்றிவிட்டுப் போகிறேன் என்றார். அக்கா முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள். வலி போலிருக்கிறது என்று அவர் நர்ஸைக் கூப்பிட்டார்.

வீட்டுக்கு வந்ததும் அவருக்கு ரோஷம் வந்துவிட்டது. ஒரு பாய்லரையே கட்டி மேய்க்கிறவனுக்கு ஒரு தொட்டி எம்மாத்திரம்? நாலு வாரமாகக் கவனிக்காமல் கண்ணாடி பச்சைப் பாசி பிடித்துக் கிடந்தது. ஞாயிற்றுக்கிழமை மீன்களை ஒரு வாளியில் பிடித்து வைத்துவிட்டு, தொட்டியை முழுசாகக் காலி செய்தார். கற்களைக் கழுவினார். எலுமிச்சம்பழம் தேய்த்து அந்த வெள்ளைக் கோட்டை ஒரு இழை விடாமல் எடுத்தார். பிறகு மெஷின் தண்ணீரை விளிம்புவரை நிரப்பி மீன்களை விட்டார். சும்மா சொல்லக் கூடாது, தொட்டி கடையில் வைத்த புதுச் சாமான் போல ஜொலித்தது. அக்கா வந்து பார்த்தால் அசந்துபோவாள் என்று நினைத்துக்கொண்டு தூங்கினார்.

செவ்வாய்க்கிழமை மீன்கள் நீந்தவில்லை. இருந்த இடத்திலேயே உடம்பை இப்படியும் அப்படியும் ஆட்டிக்கொண்டு நின்றன, குளிரில் நடுங்குகிறவர்கள் மாதிரி. துடுப்புகளை ஒடுக்கி வைத்திருந்தன. புதன்கிழமை இரண்டு செத்து மிதந்தன. மேனேஜர் ஒரு மூலையில் சாய்ந்து கிடந்தது, மற்ற மூலைகளை எட்டிப் பார்க்கவில்லை. ஜீரோ பாட்டிலை எடுத்தார், பொடியைப் போட்டார். நீலம். நம்பாமல் இன்னொரு தடவை செய்தார். அதே நீலம். தண்ணீரில் ஒரு குறையும் இல்லை, மீன்கள் மட்டும் செத்துக்கொண்டிருந்தன. முப்பத்தோரு வருஷத்தில் முதல் தடவையாக அந்த நீலத்தைப் பார்க்கப் பிடிக்காமல் ஜன்னலுக்கு வெளியே கொட்டினார். ஆஸ்பத்திரியில் ஒருத்தி இதுகளை நினைத்துக்கொண்டு படுத்திருக்கிறாள்.

மீன் கடைக்கு ஓடினார். கடைக்காரம்மா ஒரு தொட்டிக்குள் முழங்கை வரை கைவிட்டுக் கல்லை நகர்த்திக்கொண்டிருந்தாள். என்ன தண்ணீர் என்று கேட்டாள். ஜீரோ தண்ணீர் என்று அவர் சொன்னதும் கையை வெளியே எடுத்தாள்.

"ஜீரோவா? மோலிக்கா? அதுக்குச் சுண்ணாம்பு இல்லாம உடம்பு தாங்காது சார். நீங்க அந்த தபால் ஆபீஸ் அம்மாவோட தம்பியா? மெஷின் தண்ணி வேணாம், பின்பக்கக் குழாயில பிடிச்சு ஊத்துங்கன்னு ஆறு வருஷத்துக்கு முன்னாடியே சொல்லிட்டேனே. அவங்களும் அதைத்தானே ஊத்துறாங்க?"

ஜீரோவுக்கு முகம் சுண்டிப்போனது. அவள் பேசிக்கொண்டே போனாள். ஒரேயடியாக மாற்றியதும் தப்பு, திரும்ப ஒரேயடியாக மாற்றினால் அதுவும் தப்பு, மிச்சமும் போய்விடும். ஒரு மணி நேரத்துக்கு ஒரு சொம்பு எடுங்கள், ஒரு சொம்பு ஊற்றுங்கள், இரண்டு மூன்று நாள் ஆகும் என்றாள். அவர் காதில் பாதிதான் ஏறியது. செடிக்கு என்றாளே, செடிக்கு என்றாளே என்று உள்ளே ஓடிக்கொண்டிருந்தது. அவள் விழுந்த அன்றைக்கு மழை விட்டு இரண்டு நாள்தான் ஆகியிருந்தது. செடிக்கு எதற்குத் தண்ணீர்?

ஆலைக்குப் போன் போட்டு மூன்று நாள் லீவு சொன்னார். பாய்லர் அறையில் யாருக்கும் நம்பிக்கை வரவில்லை, உடம்புக்கு ஒன்றும் இல்லையே என்று இரண்டு தடவை கேட்டார்கள். பிறகு வாளியைத் தூக்கிக்கொண்டு பின்பக்கம் போனார். மூன்று படி, பச்சைப் பசேலென்று பாசி. பிடித்துக்கொள்ள ஒன்றும் இல்லை. நிறைந்த வாளியோடு ஏறும்போது அவருக்கே கால் ஒரு தரம் நழுவியது. அறுபத்துநாலு வயதில் அவள் இதை வாரா வாரம் செய்திருக்கிறாள், அவர் சனிக்கிழமை காலை ஷிப்டுக்குப் போன பிறகு. குழாய்க்குக் கீழே சிமெண்டில் வாளியின் அடி வட்டமாகத் தேய்ந்திருந்தது. அந்த வட்டத்தை அவர் ஒரு நாளும் கவனித்ததில்லை.

மணிக்கு ஒரு சொம்பு. மூன்று நாளும் பகலெல்லாம் தொட்டியின் பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்தார், கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு பார்த்தார். இரண்டு மணிக்கு ஒரு தடவை பாட்டில். தண்ணீர் சிவப்பது எப்போது என்று காத்திருந்தார். முதல் நாள் மூன்று சொட்டு, அடுத்த நாள் பத்து. இன்னொரு மீன் செத்தது. மூன்றாம் நாள் சாயங்காலம் பதினேழு சொட்டு ஆனபோது மேனேஜர் மெல்ல நிமிர்ந்து வடிகட்டி வரைக்கும் போய், அதை எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பியது. ஜீரோ துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். அழுகை வந்துவிட்டது என்று யாரிடமும் சொல்லப் போவதில்லை.

மீன்கள் பிழைத்ததும் கோபம் வந்தது. கடைக்காரிக்குத் தெரியும், எனக்குத் தெரியாது! ஒரே வீட்டில் இருந்துகொண்டு ஆறு வருஷம் மறைத்திருக்கிறாள். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் இடுப்பு உடைந்திருக்குமா? கேட்டே விடுவது என்று ஆஸ்பத்திரிக்குப் போனார். அக்கா நாலு கால் நடைச்சட்டத்தைப் பிடித்துக்கொண்டு பல்லைக் கடித்தபடி பத்தாவது அடியை எடுத்து வைத்துக்கொண்டிருந்தாள். கேள்வி வாய்க்குள்ளேயே நின்றுவிட்டது. தண்ணியை மாத்திட்டேன்க்கா, மூணு செத்துப்போச்சு என்று மட்டும் சொன்னார். அக்கா மேனேஜரைப் பற்றிக் கேட்டாள். இருக்கு என்றார். மீதி எட்டையும் கடையில் கொடுத்துவிடு என்று திரும்பவும் சொன்னாள்.

அவர் கொடுக்கவில்லை. ஆலை பிளம்பரை அழைத்துவந்தார். பின்பக்கக் குழாயிலிருந்து ஒரு கிளை எடுத்து, சுவரைத் துளைத்து, கூடத்துக்குக் கொண்டுவந்தார்கள். தொட்டிக்குப் பக்கத்தில், நிற்கிற ஆளின் கைக்கு எட்டும் உயரத்தில் ஒரு புதுக் குழாய், அதில் ஒரு ரப்பர் டியூப். அழுக்குத் தண்ணீர் ஜன்னல் வழியாகச் செடிக்குப் போக இன்னொரு டியூப். வாளிக்கே வேலை இல்லை. உப்புத் தண்ணீரைக் காசு கொடுத்து வீட்டுக்குள் கொண்டுவருகிற முதல் ஆளை இப்போதுதான் பார்க்கிறேன் என்றான் பிளம்பர். வேலையைப் பார் என்றார் ஜீரோ.

அடுத்த வெள்ளிக்கிழமை அக்கா வீட்டுக்கு வந்தாள். நடைச்சட்டத்தை டக் டக்கென்று வைத்து நேராகத் தொட்டியிடம்தான் போனாள். மீன்களை எண்ணினாள். அப்புறம் குழாயைப் பார்த்தாள், சுவரில் இன்னும் ஈரம் காயாத சிமெண்டைப் பார்த்தாள்.

கிணற்றிலிருந்து நேராக வருகிற தண்ணீர், மெஷினுக்குள் போகவில்லை என்றார் அவர். அவள் முகத்தில் ஒரு மாற்றமும் தெரியவில்லை. நம்பவில்லையோ என்று அவருக்குத் தோன்றியது. சட்டென்று உள்ளே போய் பாட்டிலோடு வந்தார். புதுக் குழாயில் தண்ணீர் பிடித்துப் பொடி போட்டார். நன்றாகச் சிவந்தது. ஒன்று, இரண்டு என்று சத்தமாக எண்ணிக்கொண்டே சொட்டு விட்டார். இருபத்திரண்டாவது சொட்டில்தான் நீலம் வந்தது. தன் வாழ்நாளில் இத்தனை கெட்ட தண்ணீரை இத்தனை பெருமையாக அவர் யாருக்கும் தூக்கிக் காட்டியதில்லை.

அக்கா கொஞ்சம் சிரித்தாள். அந்தச் சிரிப்பில் தைரியம் வந்து, இத்தனை நாள் அடைத்து வைத்ததைக் கேட்டுவிட்டார்.

"ஒரு வார்த்தை எங்கிட்டச் சொல்லியிருக்கலாமேக்கா."

அக்கா அவர் கையைப் பார்த்தாள்.

"சொன்னேன்டா. நீ இதே பாட்டிலை எடுத்துட்டு வந்தே."

அவர் பாட்டிலைக் கீழே வைத்துவிட்டு, ரப்பர் டியூபின் முனையைத் தொட்டிக்குள் விட்டார். அக்கா நடைச்சட்டத்தை ஓரமாகச் சாய்த்துவிட்டு, ஒரு கையால் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் குழாயைத் திறந்தாள்.