அம்மா போன பிறகு கோடிக்கரைக்கு

அம்மா இறந்த பிறகு வந்த முதல் பொங்கல் விடுமுறையில் நான் தனியாகக் காரோட்டிக்கொண்டு கோடிக்கரைக்குப் போனேன். எழுபதுகளின் நடுப்பகுதி அது. நாங்கள் குடியிருந்த சாந்தோமில் ஒரு பெண் கார் ஓட்டிப் போனாலே தெருவில் நின்று பார்ப்பார்கள்.

அம்மா பக்கவாதத்தில் படுத்தபோது எனக்குக் கல்யாணப் பேச்சு நடந்துகொண்டிருந்தது. அது தானாக நின்றுபோயிற்று. அப்பா அதற்கு முன்பே காலமாகிவிட்டார். தம்பி பம்பாயில் வேலை கிடைத்து அங்கேயே குடும்பமாகத் தங்கிவிட்டான். நான் அடையாறில் ஒரு பள்ளிக்கூடத்தில் பூகோள டீச்சர். காலையில் அம்மாவைத் துடைத்துத் துணி மாற்றி, நொச்சிக்குப்பத்திலிருந்து வரும் ஆயாவிடம் ஒப்படைத்துவிட்டு, அப்பா விட்டுப்போன பழைய காரில் கிளம்புவேன். சாயங்காலம் திரும்பும்போது அடையாற்றுப் பாலத்தின் அருகே வண்டியை நிறுத்தி, முகத்துவாரத்தில் என்ன பறவைகள் வந்திருக்கின்றன என்று சற்று நேரம் பார்ப்பேன்.

வீட்டுக்குள் நுழைந்ததும் அம்மா கேட்பது அதைத்தான். வாய் ஒரு பக்கம் இழுத்திருந்ததால் சொற்கள் குழறும்.

"இன்னிக்கு என்ன பாத்தே?"

செருப்பைக்கூடக் கழற்றாமல் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து சொல்லுவேன். ஒன்றுமே இல்லாத நாட்களில் இரண்டு கொக்குகளை வைத்துக் கதையை நீட்டுவேன். அம்மாவுக்கு அது தெரியும். கண்ணால் சிரிப்பாள்.

ஒரு குளிர்காலத்தில் வழிதவறியதுபோல் நாலைந்து பூநாரைகள் அங்கே வந்து நின்றன. அந்த வாரம் முழுக்க அம்மாவுக்கு வேறு பேச்சில்லை. கோடிக்கரையில் அவை ஆயிரக்கணக்கில் இறங்கும் என்று பள்ளியில் யாரோ சொன்னதை அவளிடம் சொன்னேன்.

"நீ போய்ப் பாத்துட்டு வந்து சொல்லு."

"உன்ன யாரு பாத்துக்குவா?"

"ஆயா இருக்கால்ல."

நான் போகவில்லை. ஒரு ராத்திரிகூட அவளை விட்டு வெளியே தங்கியதில்லை.

நவம்பர் மழையில் அம்மா போனாள். தம்பி மனைவியோடு வந்து முப்பதாம் நாள் பூசைவரை இருந்தான். "அக்கா, எங்ககூட வந்துடு" என்றான். அவன் மனைவி குனிந்து பெட்டியைக் கட்டிக்கொண்டிருந்தாள். அவர்களை ரயிலேற்றிவிட்டு வீட்டுக்கு வந்தேன். அன்றிலிருந்து சாயங்காலங்களில் பாலத்தருகே வண்டியை நிறுத்தவில்லை. விடுமுறை நெருங்க நெருங்க, அந்தக் காலிக் கட்டிலோடு பகலெல்லாம் எப்படி இருக்கப் போகிறேன் என்று பயமாக இருந்தது.

சிந்தாதிரிப்பேட்டையில் எங்கள் காரை வழக்கமாகப் பார்க்கும் மெக்கானிக்கிடம் வண்டியைக் கொண்டுபோனேன்.

"இன்னா டீச்சர், தனியாவா அம்மாந்தூரம் போறீங்கோ? கூட யாரும் வர்லியா?"

"வர்றதுக்கு யாருமில்ல."

அவர் பானெட்டுக்குள் குனிந்தார். "நின்னு நின்னு தண்ணி ஊத்திக்கினே போங்கோ. சூடு ஏறாம பாத்துக்கினா போதும்" என்றார்.

அப்படியே போனேன். திண்டிவனம், கடலூர், சிதம்பரம் என்று நின்று நின்று, இருட்டும் நேரத்தில் வேளாங்கண்ணி சேர்ந்தேன். கோயிலில் மெழுகுவர்த்தி வாங்கினேன். எதற்காக வேண்டிக்கொள்வது என்று தெரியவில்லை. இத்தனை வருஷமும் அம்மா குணமாக வேண்டும் என்பது ஒன்றுதான் என் வேண்டுதலாக இருந்தது. ஏற்றி வைத்துவிட்டு வெளியே வந்துவிட்டேன்.

மறுநாள் காலை கோடிக்கரையில் காட்டுக் காவலர் ஒருவர் என்னைச் சதுப்பு ஓரத்துக்கு அழைத்துப் போனார். வழியில் வெளிமான்கள் தலை தூக்கிப் பார்த்துவிட்டு மறுபடி மேயத் தொடங்கின. சதுப்பு தொடங்கும் இடத்தில் காவலர் கை நீட்டினார். தூரத்தில் தண்ணீருக்கு மேல் ஒரு நீண்ட வெளிறிய கோடு. உப்புப் படிவு என்றுதான் நினைத்தேன். பிறகு அந்தக் கோட்டின் ஒரு முனை எழும்பிற்று. எழும்பும்போது இறக்கைகளின் அடியில் சிவப்பு தெரிந்தது. பின்னாலேயே மீதியும் எழுந்தது. அந்தச் சத்தம் எங்களை வந்தடையச் சிறிது நேரமாயிற்று.

என் வாய் தானாக முணுமுணுத்தது. "மொதல்ல உப்புன்னுதாம்மா நெனச்சேன். அப்புறம் பாத்தா…" எப்போதும் போல, சாயங்காலம் சொல்வதற்காக வரிசைப்படுத்திக்கொண்டிருந்தேன். பாதியில்தான் உறைத்தது. பறவைகள் ஒரு வட்டமடித்துத் திரும்ப இறங்கின. அதற்குமேல் என்னால் பார்க்க முடியவில்லை. "போலாங்க" என்றேன். இவ்வளவு தூரம் வந்துவிட்டு இதற்குள்ளாகவா என்று காவலர் நினைத்திருப்பார். முன்னால் நடந்தார்.

அவர் வீட்டில் மதியச் சாப்பாடு. அவர் மனைவி மீன்குழம்பு ஊற்றிக்கொண்டே கேட்டாள்.

"வூட்டுல யாரும்மா இருக்கா?"

"அம்மா இருக்காங்க."

ஏன் அப்படிச் சொன்னேன் என்று இன்றுவரை தெரியவில்லை. அவள் எழுந்து உள்ளே போய், அவித்த பனங்கிழங்கை ஒரு கட்டாகக் கட்டி எடுத்து வந்தாள். "வயசானவங்களுக்குக் கடிக்க வராது. இடிச்சு, தேங்காப்பூ போட்டுக் குடுங்க" என்றாள். சரி என்று வாங்கிக்கொண்டேன்.

வேதாரண்யம் வருவதற்கு முன்னால், இருபுறமும் உப்புக் குவியல்கள் வெள்ளையாகக் கிடந்த சாலையில் வண்டியை ஓரம் கட்டினேன். அடக்கம் நடந்த அன்றுகூட நான் அப்படி அழுததில்லை. ஒரு லாரி நின்றது. டிரைவர் இறங்கி வந்தார்.

"வண்டி ரிப்பேராம்மா?"

"இல்லீங்க."

அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டுப் போய், தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். நான் முகம் கழுவிக்கொண்டு வண்டியைக் கிளப்பும்வரை லாரியருகிலேயே நின்றிருந்தார்.

ஊர் திரும்பிய மறுநாள் ஆயா பார்க்க வந்தாள். பனங்கிழங்கை அவளிடம் கொடுத்தேன். அவளுக்காவது சொல்லலாம் என்று தொடங்கினேன். "ஆயிரக்கணக்குல நிக்குது ஆயா, தூரத்துலேர்ந்து பாத்தா…"

"அப்டியா" என்றாள். அவள் கண் வாசல் பக்கம் போயிற்று. மயிலாப்பூரில் வேறொரு வீட்டில் வேலைக்குச் சேர்ந்திருந்தாள். அங்கே ஒரு கிழவரைக் குளிப்பாட்ட நேரமாகியிருந்தது. "அப்பால வர்ரேம்மா" என்று எழுந்தாள்.

அந்தக் கோடையில் வீட்டைக் காலி செய்தேன். கட்டிலை யாரோ வந்து கழற்றி எடுத்துப் போனார்கள். அடையாறில் பெண்கள் விடுதி ஒன்றில் அறை எடுத்துக்கொண்டேன். பள்ளிக்கு நடந்தே போகலாம் என்பதால் காருக்கு வேலையில்லை, அதையும் கொடுத்துவிட்டேன். விடுதி முகத்துவாரத்துக்குப் பக்கம்தான். குளிர்காலத்தில் விடியும்போது பறவைச் சத்தம் கேட்கும். எழுந்து போய்ப் பார்க்க எனக்குப் பல வருஷங்கள் ஆயின.